எதிர்மறையும் காலமும்: ஆங்கில வினை வாய்பாடுகள் பற்றி ஒரு நோக்கு

தமிழ்மொழிவழிக் கற்றுப் பல்கலைக்கழகம் புகும் மாணவரின் ஆங்கிலக் கட்டுரைகளிலே 'ஹீ டிட் நொட் வென்ற்' என்னும் வாக்கியம் அடிக்கடி தலைகாட்டுவதுண்டு. அதன்கீழ்ச் சிவப்புக் கோடு விழுகிறது. கவனக்குறைவு என்ற குறிப்பும் சேர்கிறது. ஆங்கிலத்தைச் சிங்கள மாணவர் 'கடுவ', அதாவது வாள், என்று அழைக்கும் நாட்டில் இக்கோடு சிறு விடயமன்று. ஆயின், தவறு மாணவனுடையதா, அவன் மனனஞ் செய்த வாய்பாட்டினுடையதா என்பது ஆராயத்தக்கது.

கைந்நூல்கள் பல, காலங்களைப் பன்னிரு கட்டங்களில் வகுத்து உடன்பாட்டு வடிவங்களைத் தந்தபின், 'நொட்' சேர்த்தால் எதிர்மறையாகும் என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. பத்துக் கட்டங்களுக்கு இவ்விதி பொருந்தும். அங்கெல்லாம் துணைவினை ஒன்று முன்னரே நிற்கிறது. தனி நிகழ்காலம், தனி இறந்தகாலம் ஆகிய இரண்டிலும் அது பொய்த்துப்போகிறது. அன்றாடப் பேச்சில் மிகுதியும் வேண்டப்படுபவை அவ்விரண்டுமே! அவற்றில் 'டூ' என்னும் துணைவினை புதிதாக வந்து காலத்தைத் தான் ஏற்க, முதல்வினை காலம் இழந்து 'கோ' என வெறுமனே நிற்கும். ஆங்கிலேயரும் இதனை ஒரே நாளிற் பெற்றாரல்லர். சேக்சுபியர் காலத்தில் வினையின் பின்னே 'நொட்' நேரே நிற்றலும் இயல்பாயிருந்தது. 'டூ' படிப்படியாகப் பரவியமையை அல்வார் எல்லகோர்ட் 1953இல் வெளியிட்ட ஆய்வு பழைய நூல்களிலிருந்து கணக்கிட்டுக் காட்டியது.

இங்குத்தான் தமிழாசிரியர் துணைக்கு வரக்கூடும். 'போனான்' என்பதன் எதிர்மறை 'போனான் இல்லை' எனப் பொதுவழக்கில் அமைவதில்லை. 'போகவில்லை' என்றே அமைகிறது. 'போக' என்பது காலங்காட்டாத செயவென் எச்சம். எனவே, எதிர்மறையில் முதல்வினை காலத்தைக் கைவிடும் என்ற உண்மை தமிழ் மாணவனின் நாவிலேயே உள்ளது. 'டிட் நொட் கோ' என்பதில் 'கோ' இருக்கும் இடம் 'போக' இருக்கும் இடமே. இவ்வொப்புமையைக் காட்டும் கைந்நூல் அரிது.

வேற்றுமை 'இல்லை' என்பதிலே தொடங்குகிறது. அது காலமும் இடமும் பாலும் காட்டாது. 'டிட்' காலத்தைக் காட்டும். பழந்தமிழ்ப் 'போகான்' என்னும் முற்றும் காலவிடைநிலை பெறாது முக்காலத்துக்கும் பொதுவாய் நின்றதே. திராவிட எதிர்மறை வினையின் இவ்வியல்பைக் கால்டுவெல் 1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்துள்ளார். 'நேற்றுப் போகவில்லை', 'இன்னும் போகவில்லை', 'நாளைக்கு நான் போகவில்லை' என்ற மூன்றிலும் வினை ஒன்றே. காலத்தைச் சுமப்பவை முன்னுள்ள சொற்கள். ஆங்கிலமோ முறையே 'டிட் நொட் கோ', 'ஹாஸ் நொட் கோன்', 'ஆம் நொட் கோயிங்' என மூன்று வடிவம் கேட்கிறது. 'போகவில்லை' என்பதற்கு ஆங்கிலம் யாது என்று தனித்து வினவும் பயிற்சி, ஆதலின், விடையற்ற வினாவாகும்.

இதனால் தமிழ் எதிர்மறைக்கு நுண்மை இல்லை என்று கொள்ளலாகாது. வழக்கமின்மைக்குப் 'போவதில்லை' என்றும், ஒருபோதும் நிகழாமைக்குப் 'போனதில்லை' என்றும் தனி வடிவங்கள் உள. 'டஸ் நொட் கோ', 'ஹாஸ் நெவர் கோன்' என்பவற்றோடு இவை பெரிதும் ஒத்துவரும். யாழ்ப்பாணப் பேச்சிலே 'போகேல்லை' என்பதும் 'போறேல்லை' என்பதும் வேறுவேறு. முன்னது நடந்திராத செயல், பின்னது வழக்கமில்லாத செயல். வீட்டில் இவ்வேறுபாட்டைப் பிழையின்றிக் கையாளும் பிள்ளைக்கு வகுப்பறையில் இரண்டுக்கும் 'போகவில்லை' என்ற ஒரே பொருளை எழுதிக்கொடுப்பது விந்தையே.

'மாட்டான்' என்பதும் இத்தகையது. எதிர்காலமும் மறுப்பும் அதில் ஒருங்கே உறைகின்றன. 'வில் நொட்' என்பதிலும் அவ்வாறே. இறுகிய கதவைத் 'திறக்கமாட்டேன் என்கிறது' என்று தமிழர் சொல்லுமிடத்து, ஆங்கிலேயரும் 'வில் நொட்' என்றே சொல்வர்.

உண்மையான இடர் வேறோரிடத்தில் உள்ளது. 'நீர் போகவில்லையா?' என்றால், போகாதவன் தமிழில் 'ஓம், போகவில்லை' என்பான். கேட்டவர் கூற்றை ஒப்புக்கொள்கிறான். ஆங்கிலத்தில் அவன் 'நோ' என்றல்லவா தொடங்கவேண்டும்? 'யெஸ்' என்று தொடங்கியதால், நேர்முகத் தேர்வொன்றில் தான் கூறக் கருதியதற்கு நேர்மாறாக அவன் விளங்கிக்கொள்ளப்படலாம். பன்னிரு கட்டங்களுள் இதற்கென ஒரு கட்டமும் இல்லை.