பதஞ்சலியின் மௌனம்: குடும்ப நாவல்களில் மனப்போராட்டம் பற்றி ஒரு நோக்கு

மனம் சோர்ந்திருக்கும் வேளையில் வாசிக்கத்தக்க நூல் எது என்ற வினாவைப் பல்கலைக்கழக விடுதிகளில் அடிக்கடி கேட்கமுடிகிறது. முதன்முறையாக வீட்டைப் பிரிந்து வந்தோர், பரீட்சையில் தவறியோர், காதலில் தோற்றோர், தந்தையுடன் பேச்சை முறித்துக்கொண்டோர் எனப் பலரும் இவ்வினாவை எழுப்புகின்றனர். விடையாகக் கைமாறுவன பெரும்பாலும் சுயமுன்னேற்ற நூல்களே. அவை ஓரளவு ஊக்கம் தருவன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அந்நூல்கள் கற்பனை செய்யும் மனிதனுக்குத் தாயில்லை, தந்தையில்லை, திருமணமாகாத தமக்கையில்லை, அடைக்கவேண்டிய கடனுமில்லை. அவன் தனித்து நின்று தன்னைத் தானே உயர்த்திக்கொள்கிறான். நம்மவருள் எவரும் அவ்வாறு தனித்து நிற்பவர் அல்லர். நமது துன்பங்கள் வீட்டுக்குள்ளே பிறந்து, வீட்டுக்குள்ளேயே மறைக்கப்படுவன. எனவே மேற்படி வினாவுக்குத் தமிழ் நாவல் தரும் விடை யாதென மூன்று நாவல்களை முன்வைத்து நோக்குவது பயனுடைத்து. அவற்றுள் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யே இக்கட்டுரையின் முதன்மைப் பொருளாகும்.

நாவலைச் சமுதாய வரலாற்றோடு இணைத்துக் காணும் நெறியைப் பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968), பேராசிரியர் கா. சிவத்தம்பியின் 'நாவலும் வாழ்க்கையும்' (1978) ஆகிய நூல்கள் நம்மிடையே நிலைநிறுத்தின. அந்நெறியின் வலிமையை நான் ஐயுறவில்லை. எனினும், அதனைப் பின்பற்றியோர் பலர் நாவல்களை இரு தட்டுகளில் பிரித்து அடுக்கிவிட்டனர் என்றே கூறத் தோன்றுகிறது. ஒரு தட்டில் மண்வாசனை நாவல்கள். மறு தட்டில் உளப்போராட்ட நாவல்கள். முன்னவை சமூகத்தைப் பேசுவன என்றும், பின்னவை தனிமனிதனைப் பேசுவன என்றும் கொள்ளப்பட்டது. 'நிலக்கிளி' முதற்றட்டில் வைக்கப்பட்டது. அதனால் அந்நாவலின் நடுவே நிற்கும் ஒரு பெண்ணின் துயர், காட்டின் வருணனைக்குப் பின்னால் மறைந்துபோயிற்று.

முதலில் தமிழகத்து நாவல்கள் இரண்டைச் சுருக்கமாக நோக்குவோம். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வெளிவந்தது. காவிரிக் கரையிலுள்ள வேத பாடசாலையில் நெடுங்காலம் பயின்று வீடு திரும்பும் அப்பு, தன் தாய் அலங்காரத்துக்கு வேறொருவருடன் உள்ள உறவை அறிகிறான். அவன் தந்தை தண்டபாணியும் அதனை அறிந்தவரே. அறிந்தும் அவர் பேசுவதில்லை. அனைவரும் அறிந்திருக்க, எவரும் வாய் திறவாத வீடு அது. மகனை வேத விற்பன்னனாக்கி, அவன் தூய்மையால் தன் குற்றம் கழியும் எனத் தாய் நம்பியிருந்தாள். அந்நம்பிக்கை கைகூடாதபோது அவள் காசிக்குச் செல்கிறாள். இந்நாவலில் மௌனம் என்பது வீட்டார் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. அவ்வுடன்பாட்டின் நிழலிலேயே வீடு இடிந்துவிழாமல் நிற்கிறது.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. இந்நாவலுக்கு முன்னோடியான 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையில், மழைநாளில் கெடுக்கப்பட்டு வீடு வரும் மகளைத் தாய் தலையில் நீரூற்றித் தூய்மையாக்கி, நிகழ்ந்ததை வீட்டின் நான்கு சுவருக்குள்ளேயே முடித்துவிடுகிறாள். நாவலிலோ அதே தாய் அலறிவிடுகிறாள், செய்தி வெளியேறுகிறது, தமையன் கங்காவை வீட்டைவிட்டு விரட்டுகிறான். அவள் மாமனின் ஆதரவில் படித்து உத்தியோகமும் பெறுகிறாள். உலகத்தார் கண்ணுக்கு அது வளர்ச்சியே. ஆயினும் அவளது உள்ளம் அந்த மழைநாள் மாலையைவிட்டு நகரவில்லை. ஒரே நிகழ்ச்சி, ஒரே மகள். தாய் கேட்ட விதம் மாறியதும் ஓர் உயிரின் போக்கே மாறிவிடுகிறது. பட்டமும் பதவியும் மன வளர்ச்சி ஆகா என்பதை இதனினும் தெளிவாக உரைத்த தமிழ் நாவல் பிறிதொன்றை நான் அறியேன்.

இனி 'நிலக்கிளி'க்கு வருவோம். 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்து, இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்ற இந்நாவலின் களம், முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள தண்ணிமுறிப்பு என்னும் காட்டோரக் குடியிருப்பாகும். கோணாமலையரின் மகன் கதிராமன், காட்டின் மடியில் வளர்ந்த பதஞ்சலியை விரும்புகிறான். தந்தை மறுக்கிறார். மகன் வீட்டை நீங்கி, பதஞ்சலியுடன் தனிக் குடிசை அமைத்து வாழத் தொடங்குகிறான். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு வரும் ஆசிரியன் சுந்தரலிங்கம் இவர்களுக்கு நெருங்கியவனாகிறான். அவனுக்கும் பதஞ்சலிக்கும் இடையே ஓர் இடறல் நேர்ந்துவிடுகிறது. அதன்பின் அவளைத் தின்னும் குற்றவுணர்வே நாவலின் உள்ளோட்டம்.

கதிராமனின் வளர்ச்சி கண்ணுக்குப் புலனாவது. அவன் காட்டை வெட்டி நிலமாக்குகிறான். வெட்டிய நிலத்தை எவரும் சுற்றிவந்து அளக்கலாம். பதஞ்சலியும் வளர்கிறாள். மறைப்பதற்கு ஏதுமற்றிருந்தவள், மறைக்கவேண்டிய ஒன்றைச் சுமப்பவளாக மாறுகிறாள். கணவனின் அன்பு முன்னெப்போதிலும் அதிகமாக அவளை வருத்துகிறது. அன்பு என்பது கடனும் ஆகும் என்பதை அவள் அறிந்துகொள்கிறாள். இதுவும் வளர்ச்சியே. ஆனால் இதனை அளப்பதற்கு அவ்வூரில் எவரிடமும் கோலில்லை.

முதலில் இந்நாவலை வாசித்தபோது, அவள் ஏன் வாய் திறந்து பேசவில்லை என்ற வினா என்னை உறுத்தியது. பேதைமை என்ற ஒரு சொல்லால் அதனை விளக்கிவிட எண்ணி, அவ்வாறே ஒப்படைக் கட்டுரை ஒன்றில் எழுதியும் விட்டேன். எனது ஊர் கொக்கிளாய். வாவியும் கடலும் கூடும் அவ்வூரில், சென்ற விடுமுறையின்போது, கண் பார்வை மங்கிய எனது அம்மம்மாவுக்கு இந்நாவலைப் பல இரவுகளாக வாசித்துக் காட்டினேன். காட்டையும் களத்தையும் கேட்டு அவர் மகிழ்வார் என்றே எதிர்பார்த்தேன். அவர் அவற்றைக் கேட்டுத் தலையசைத்தாரேயன்றி ஒன்றும் கூறவில்லை. அவை அவருக்குப் புதியன அல்ல. பதஞ்சலி தனிமையில் துடிக்கும் பகுதி வந்தபோதுதான் நிறுத்தச் சொன்னார். "சொல்லியிருக்கலாம்தானே அம்மம்மா?" என்றேன். "ஆரிட்டைப் பிள்ளை சொல்லுறது? தாயில்லை. மாமன் வீட்டுப் படலையும் சாத்தியாச்சு. தனிக் குடில். பொம்பிளையளின்ரை கதையைக் காட்டு மரம் கேட்டு மறுமொழி சொல்லுமே?" என்றார்.

இக்கூற்று எனது ஒப்படைக் கட்டுரையைத் தகர்த்துவிட்டது. பதஞ்சலியின் மௌனம் அவளது குணவியல்பு அன்று; அது அவள் வாழ்ந்த ஏற்பாட்டின் விளைவு. கோணாமலையர் மகனைத் தள்ளிவைத்தபோது, மகன் இழந்தது சொத்தையும் தந்தையின் துணையையுமே. பதஞ்சலி இழந்ததோ, கிணற்றடியிலும் அடுப்படியிலும் பெண்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பேச்சு முழுவதையும். அலங்காரத்தின் வீட்டில் மௌனத்தைக் காக்கவேனும் மனிதர் இருந்தனர். கங்காவுக்குக் கேட்பதற்கு ஒரு தாய் இருந்தாள். தவறாகக் கேட்டாள் எனினும் கேட்டாள். பதஞ்சலிக்கு அதுவும் இல்லை. ஒரு கிழவனின் பிடிவாதம், குடி வழக்கு, தனித்த குடியிருப்பு என்னும் சமூக உண்மைகளே ஒரு பெண்ணின் உள்ளத்துள் நோயாகின்றன. ஆகவே சமூக நாவல், உள நாவல் என்னும் பிரிவு இங்குப் பொருந்தாது. கைலாசபதி காட்டிய நெறியை அடுப்படி வரைக்கும் கொண்டுசென்றிருந்தால், இதனை நாம் முன்னரே கண்டிருப்போம்.

நாவலின் குறையையும் சுட்டாதிருத்தல் நேர்மையாகாது. உயரப் பறக்காது, நிலத்தை ஒட்டி வாழ்ந்து, எளிதிற் பிடிபடும் பறவையின் பெயரை ஆசிரியர் நாவலுக்குச் சூட்டியுள்ளார். பதஞ்சலியை அப்பறவையாகக் காண்பது அழகியது. ஆயின் அது அவளை இரையாக மட்டுமே காணவும் தூண்டுகிறது. கள்ளமற்ற காட்டுப் பெண், கலக்கம் விளைக்கும் பட்டின ஆடவன் என்ற பழகிய எதிர்நிலையிலிருந்தும் நாவல் முற்றாக விடுபடவில்லை. கதை தரும் உண்மை, தலைப்புத் தரும் உவமையினும் பெரியது.

இந்நாவலை இன்று வாசிப்போர் பலர் அதனை இழந்த நிலத்தின் ஆவணமாக வாசிக்கின்றனர். அதற்குக் காரணம் உண்டு. 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, தண்ணிமுறிப்பு முதலான ஊர்களின் மக்கள் குடிபெயர்க்கப்பட்டனர். கொக்கிளாய்க்கு எம்மவர் திரும்பியது 2009இல் போர் முடிந்ததன் பின்னரே. எனவே மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் நாவலில் தேடுவது இயல்பு. ஆனால் இடம்பெயர்ந்தோர் இழந்தவை மரமும் குளமும் மட்டுமல்ல. யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற ஒழுங்கையும் அவர்கள் இழந்தனர். உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் முகாம்களிலும் அனைவரும் நெருங்கியிருந்தனர். அதனாலேயே எதையும் எவரிடமும் சொல்ல இயலாதிருந்தது. இதனை நான் நூல்களிலிருந்து எழுதவில்லை. நாவலை வாசித்து முடித்த இரவில், ஊரைவிட்டு வெளியேறிய நாளின் கதையை அம்மம்மா என் தாயாருக்கு முதன்முறையாகச் சொன்னார். அன்று ஆறு வயதுச் சிறுமியாய் உடன் சென்றவர் என் தாயார். அந்நாளைப் பற்றி இருவரும் நாற்பது ஆண்டுகளாகப் பேசியதில்லை. என்ன பேசினர் என்பது அவர்களுக்குரியது, இங்கு எழுதுவதற்குரியதன்று.

மனச் சோர்வுக்கு மருந்தாக எந்த நூலையும் நான் பரிந்துரைக்கவில்லை. இம்மூன்று நாவல்களும் எவருக்கும் ஆறுதல் கூறுவனவல்ல. முன்னேறும் வழியையும் காட்டுவனவல்ல. ஆயினும் பிறர் துயரைப் பற்றிப் பேசுவதுபோல நம் துயரைப் பேசத் தொடங்குவதற்கு அவை ஒரு வாயிலைத் திறந்துவிடுகின்றன. ஆதலின் இந்நாவல்களை விடுதி அறையில் தனித்து வாசிப்பதோடு அமையாது, விடுமுறையில் வீட்டுக்கு எடுத்துச்சென்று, வீட்டார் கேட்க உரக்க வாசித்தல் வேண்டும். மனிதன் வளர்வது தன்னுள் மட்டுமன்று, தன் சொல்லைக் கேட்போரிடத்தும் பிறர் சொல்லைத் தான் கேட்குமிடத்துமே என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.