இடமும் வளியும்: பிறப்பியலை வாசிக்கும் முறை பற்றிய ஒரு விமர்சனம்

தமிழ் இலக்கண மரபின் சிறப்பினை எடுத்துரைக்க முற்படும் கட்டுரைகளிலே தொல்காப்பியப் பிறப்பியலுக்குத் தனியிடம் அளிக்கப்படுவது வழக்கம். கருவிகளின் துணையோடு இக்கால ஒலியியலாளர் கண்டறிந்தவை யாவும் அவ்வியலிலே முன்னரே கூறப்பட்டுவிட்டன என்பது இவற்றின் பொதுவான முடிபு. இதற்கு நேரெதிராக, ஒலியியல் என்பது மேலைநாட்டார் தந்த கல்வி. பழைய சூத்திரங்கள் வரலாற்றுச் சின்னங்கள் என்ற அளவில் மட்டுமே பயன்படுவன என்று கருதுவோரும் உளர். முதலாமவர் நூலைப் போற்றுகின்றனர். இரண்டாமவர் அதனை ஒதுக்குகின்றனர். ஆனால், சூத்திரம் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது, ஏன் விடுகிறது என்ற வினாக்களை இரு சாராருமே எழுப்புவதில்லை.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு இரண்டு ஒலிவகைகளை உரைகல்லாகக் கொள்ளலாம். ஒன்று, தமிழர் ஒவ்வொருவரும் நாள்தோறும் ஒலிக்கும் பல்லொலி. மற்றையது, தமிழில் இல்லாததும் சிந்தி, வியட்நாமியம், ஹௌசா முதலிய மொழிகளில் வழங்குவதுமான உள்வெடிப்பொலி. முன்னையது பிறப்பியலின் வலிமையைக் காட்டும். பின்னையது அதன் எல்லையைக் காட்டும்.

1

தகர நகரங்களின் பிறப்பினைப் பாடசாலை இலக்கண நூல்கள் ஒரே தொடரில் முடித்துவிடுகின்றன: மேற்பல்லின் அடியை நாநுனி பொருந்தத் த, ந பிறக்கும். இது நன்னூலாரின் கூற்றை அடியொற்றியது. தொல்காப்பியர் கூறுவதோ இதனினும் மிகுதியானது. அண்ணத்தைச் சேர்ந்த பல்லின் அடியிடத்தே நாவின் நுனி 'பரந்து' சென்று நன்கு பொருந்த வேண்டும் என்கிறார் அவர். இந்தப் 'பரத்தல்' என்ற வினை மேலோட்டமாக நோக்குவார்க்கு அலங்காரமாகத் தோன்றக்கூடும். உண்மையில் அச்சூத்திரத்தின் உயிர் அதிலேயே உள்ளது.

பத்து, பற்று, பட்டு என்ற மூன்று சொற்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துப் பார்த்தால் இது விளங்கும். 'பத்து' என்னும்போது நா கூர்மையடைவதில்லை. அதன் முன்பகுதி தட்டையாக விரிந்து மேற்பற்களின் உட்புறத்தில் அகலமாகப் படிகிறது. 'பற்று' என்னும்போது நுனி மட்டும் சற்று நிமிர்ந்து, பற்களுக்குப் பின்னேயுள்ள ஈற்று மேட்டைத் தொடுகிறது. 'பட்டு' என்னும்போது நுனி மேலும் பின்னோக்கி வளைகிறது. இம்மூன்றும் முறையே பல்லொலி, அண்பல்லொலி, நாவளையொலி எனப்படும். நாவிற் கரித்தூளும் எண்ணெயும் கலந்த குழம்பினைப் பூசி, ஒரு சொல்லை ஒருமுறை மாத்திரம் ஒலித்து, அண்ணத்தில் ஒட்டிய கறையைக் கண்ணாடியின் துணையுடன் படம்பிடிக்கும் முறை ஒன்று ஒலியியலில் உண்டு. அதன்படி பார்த்தால் பல்லொலியின் கறை அகன்ற பட்டையாகவும் அண்பல்லொலியின் கறை ஒடுங்கியதாகவும் அமைவதைக் காணலாம். வேறுபாடு தொடும் இடத்தில் மட்டுமன்றித் தொடும் நாவின் வடிவத்திலும் உள்ளது. இதனைக் கருவியெதுவுமின்றி, தன் வாயையே ஆய்வுகூடமாகக் கொண்டு ஒருவர் அவதானித்திருக்கிறார் என்பதே தொல்காப்பியத்தின் பெருமை.

இம்மூவகை வேறுபாடு ஈழத்துப் பேச்சுத் தமிழில், குறிப்பாக யாழ்ப்பாணத் தமிழில், இன்றும் உயிருடன் உள்ளது. தமிழகத்துப் பேச்சு வழக்குகள் பலவற்றில் றகர இரட்டை தகர இரட்டையோடு மயங்கிவிட்டது. ரிக்கெற், சிகரெற் என்று நாம் எழுதுவதும், டிக்கெட், சிகரெட் என்று தமிழகத்தார் எழுதுவதும் வெறும் எழுத்து விருப்பம் சார்ந்தன அல்ல. ஆங்கிலத்தின் அண்பல்லொலிக்கு ஒத்த ஒலி நமது பேச்சிலே இருப்பதால் சொல்லிறுதியில் றகரத்தைப் பயன்படுத்துகிறோம்; அது இல்லாதவிடத்து நாவளையொலி அதன் இடத்தைப் பெறுகிறது.

இனி, நன்னூலார் செய்தது யாது என்பதை நோக்குவோம். 'பரந்து' என்ற சொல் அவர் சூத்திரத்தில் இல்லை. அவ்வாறே றகர னகரங்களுக்கு நா 'அணரி' நிற்றல் வேண்டும் என்று தொல்காப்பியர் கூறியதும் அங்கு இல்லை. நுனிநா அண்ணத்தை நன்கு பொருந்துதல் என்ற அளவிலே அது நின்றுவிடுகிறது. சுருக்கம் சூத்திரத்தின் இலக்கணமே. ஆயினும் இங்குச் சுருக்கப்பட்டது சொல் மட்டுமன்று, அவதானமும் சுருங்கிவிட்டது. நாவின் செயல் மறைந்து, தொடும் இடங்களின் பட்டியல் எஞ்சியது. அப்பட்டியலே பின்னர் பாடசாலை நூல்களின் அட்டவணையாயிற்று. மாணவர் மனனஞ் செய்வது அந்த அட்டவணையையே.

தொல்காப்பியர் கூற்றும் முழு நிறைவானதென்று கொள்ளல் ஆகாது. டகர ணகரங்கள் நுனிநாவும் அண்ண நுனியும் சேரப் பிறப்பன என்கிறார். றகர னகரங்களுக்கு நா நிமிர்ந்து அண்ணத்தைத் தொடுதலைக் கூறுகிறார். இன்றைய ஒலிப்பில் பின்னோக்கி மிகுதியும் வளைவது டகரத்துக்குரிய நாவேயன்றி றகரத்துக்குரியது அன்று. சூத்திரச் சொற்களை உள்ளவாறே கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகக் கிடைப்பதில்லை. உரைகாண்போர் தம் காலத்து ஒலிப்பினைச் சூத்திரத்தினுள் ஏற்றி, இரண்டும் பொருந்துகின்றன என்று முடிப்பது ஆய்வாகாது. நகரத்தை எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுவே. 'பந்து' என்பதில் அது பல்லொலியாகவே நிற்கிறது. 'நாடு' என்பதில் இன்று பலர் னகரத்தை ஒத்தே ஒலிக்கின்றனர். ஒரு காலத்து ஒலிப்பின் விவரணத்தை எக்காலத்துக்குமான விதியாகக் கொள்வதனால் விளையும் இடர்ப்பாடு இது.

2

உள்வெடிப்பொலி என்பதை 'மூச்சை உள்ளிழுத்து எழுப்பும் ஒலி' என்று விளக்குவோர் உளர். இது பிழையான விளக்கம். உள்வெடிப்பொலியை ஒலிப்பவர் மூச்சை உள்ளே இழுப்பதில்லை. சுவாசப்பை அங்கு உட்சுவாசம் செய்வதில்லை. இயங்குவது குரல்வளையாகும்.

சாதாரணப் பகரம் அல்லது தகரம் பிறக்கையில் வாயில் ஓரிடம் அடைக்கப்படுகிறது. சுவாசப்பையிலிருந்து எழும் வளி அவ்வடைப்பின் பின்னே தேங்க, அமுக்கம் உயர்கிறது. அடைப்பு நீங்கியதும் வளி வெளியே வெடிக்கிறது. உள்வெடிப்பொலியிலும் வாய் அடைபடுகிறது, மூக்குவழியும் மூடப்படுகிறது. ஆனால் அடைப்பு நிலவும்போதே குரல்வளை முழுவதும் கீழே இறங்குகிறது. அதனால் அடைப்புக்கும் குரல்நாண்களுக்கும் இடைப்பட்ட அறையின் கனவளவு பெருகுகிறது. கனவளவு பெருக, அமுக்கம் தாழ்கிறது. இதற்கிடையே குரல்நாண்கள் அதிர்ந்துகொண்டே இருத்தலால் அவற்றினூடாகச் சிறிது வளி கீழிருந்து கசிந்து, தாழ்ந்த அமுக்கத்தை ஓரளவு ஈடுசெய்கிறது. அடைப்பு நீங்கும் கணத்தில் உள்ளமுக்கம் வெளியமுக்கத்தினும் குறைவாயின் வளி சற்று உள்ளே பாயும், சமமாயின் பாயாது. உள்வெடிப்பு எனப் பெயர்பெற்ற ஒலிகள் பலவற்றில் வளி உண்மையில் உள்ளே பாய்வதில்லை என்பதை மேற்காபிரிக்க மொழிகளை ஆராய்ந்த பீற்றர் லடிபோகெட் 1964இல் வெளியிட்ட நூலிற் சுட்டினார். நைஜீரிய மொழியான இக்வேரேயை ஆராய்ந்த கிளெமன்ற்ஸ், ஒசு ஆகிய இருவரும் 2002இல் இதனை மேலும் வளர்த்து, இத்தகைய ஒலிகளின் அடிப்படை இயல்பு உள்ளே வெடித்தல் அன்று, வெடிப்புக்கான அமுக்கம் திரளாமையே என வாதிட்டனர்.

எனவே பெயரை மாத்திரம் நம்பி ஒலியை அறிந்துவிட்டதாகக் கருதும் குறை பழைய மரபைப் போற்றுவோருக்கு மட்டும் உரியதன்று. புதிய ஒலியியலின் கலைச்சொற்களும் அவதானத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

3

இவ்விரு ஒலிவகைகளும் சந்திக்குமிடம் சிந்தி மொழி. அங்கு நான்கு உள்வெடிப்பொலிகள் உள்ளன: இதழில் ஒன்று, நாவளைப் பகுதியில் ஒன்று, இடையண்ணத்தில் ஒன்று, கடையண்ணத்தில் ஒன்று. அரபு மரபிலமைந்த 52 எழுத்துகள் கொண்ட சிந்தி நெடுங்கணக்கு இந்நான்கிற்கும் தனித்தனி எழுத்துகளை வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய இலக்கணகாரர் செவிக்கு இவை இரட்டித்த வெடிப்பொலிகள் போன்று கேட்டன. 1924இல் ரேணர் என்னும் அறிஞர் இவற்றைத் தனியே ஆராய்ந்து, குரல்வளையின் தொழிற்பாடே இவற்றை வேறுபடுத்துவது என்பதை வலியுறுத்தினார். அதே வேளையில், பிராகிருதத்தின் இரட்டித்த ஒலிப்புடை வெடிப்பொலிகள் பல சிந்தியிலே உள்வெடிப்பொலிகளாகியுள்ளன என்பதையும் அவர் காட்டினார். ஆகவே முன்னையோர் செவி ஒலிப்பு முறையைத் தவறவிட்டதாயினும், வரலாற்றின் ஒரு சுவட்டைத் தற்செயலாகத் தொட்டுவிட்டது எனலாம்.

நமது பொருளுக்கு இன்றியமையாதது வேறொன்று. நான்கு உள்வெடிப்பொலிகளுள் பல்லொலி இல்லை. சொல்முதலில் நின்ற பழைய ஒலிப்புடைத் தகரம் சிந்தியில் உள்வெடிப்பாகியபோது பல்லை விட்டுப் பின்வாங்கிவிட்டது. வடமொழியில் பல்லைக் குறிக்கும் 'தந்த' என்ற சொல் சிந்தியில் 'டந்து' எனவும், பத்தினைக் குறிக்கும் 'தச' என்பது 'டஹ' எனவும் உள்வெடிப்போடு ஒலிக்கப்படுகின்றன. பல்லைக் குறிக்கும் சொல்லே பல்லைத் தொடாது ஒலிக்கப்படுகிறது! தேவநாகரியிற் சிந்தியை எழுதுவோர் இவ்வொலிக்குத் தகர வரிசையிலிருந்தன்றி, டகர வரிசை எழுத்தொன்றின் கீழே கோடிட்டு எழுத்தமைத்தமையும் இதற்குச் சான்று.

இது சிந்திக்கு மட்டுமே உரிய விநோதமும் அன்று. வியட்நாமிய மொழியில் சாதாரணத் தகரம் பல்லொலி. அதற்கு இணையான உள்வெடிப்பொலியோ பல்லுக்குப் பின்னே, ஈற்று மேட்டில் பிறக்கிறது. வளியின் போக்கு மாறும்போது நாவின் இடமும் மாறுகிறது. உள்வெடிப்பொலிகள் உலக மொழிகளிற் பரந்துள்ள முறையும் இதனையே உணர்த்தும். 1970இல் கிறீன்பேர்க் எடுத்துக்காட்டியவாறு, இதழிற் பிறக்கும் உள்வெடிப்பொலி பரவலானது. கடையண்ணத்திற் பிறப்பது அரிது. அடைப்பு முன்னே அமைய, அதன் பின்னுள்ள அறை பெரிதாகிறது. பெரிய அறையில் அமுக்கம் விரைவில் உயராது. ஆகவே எவ்விடத்தில் எவ்வகை வெடிப்பு இயல்பாக அமையும் என்பதனை இடத்தை மட்டும் நோக்கியோ வளியை மட்டும் நோக்கியோ கூற முடியாது. இரண்டும் ஒன்றையொன்று தழுவியவை.

ஒலிகளை இடங்களின் அட்டவணையாகக் கற்பிக்கும் முறையின் போதாமை இங்கு தெளிவாகிறது. அட்டவணையில் 'பல்' என்ற கட்டத்துக்குக் கீழே உள்வெடிப்பொலி ஒன்றை எளிதாக எழுதிவிடலாம். வாயோ அட்டவணைக்கு அடங்கி நடப்பதில்லை.

4

அவ்வாறாயின், உள்வெடிப்பொலியைக் கூறாத பிறப்பியல் குறைபாடுடையதா? எல்லாவற்றையும் தொல்காப்பியர் கூறிவிட்டார் என்போர் இவ்வினாவை எதிர்கொள்ள இயலாது இடர்ப்படுவர். ஆனால் தொல்காப்பியர் இடர்ப்படவில்லை. பிறப்பியலின் தொடக்கத்தில் உந்தியிலிருந்து எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் எழுத்தாகிறது என்கிறார். இறுதிச் சூத்திரத்தில், உள்ளே இயங்கும் வளியிசையின் அளவினை ஆராய்தல் அந்தணர் மறைக்கு உரியது. இங்குக் கூறப்பட்டது எழுந்து புறத்தே இசைக்கும் வளியிசையின் அளவே என்று தமது ஆய்வெல்லையைத் தாமே வரையறுக்கிறார்.

இவ்வரையறை மனங்கொள்ளத்தக்கது. புறத்தே இசைக்கும் வளி என்று அவர் குறித்தது தமிழின் எல்லா ஒலிகளுக்கும் பொருந்தும். ஏனெனில் தமிழில் பொருள் வேறுபடுத்தும் உள்வெடிப்பொலி இல்லை. குரல்நாண்களின் அதிர்வை வடமொழிச் சிட்சை, பிராதிசாக்கிய நூல்கள் நுட்பமாக ஆராய்ந்தன; அம்மொழியில் ககரமும் அதன் ஒலிப்புடை இணையும் பொருள் வேறுபடுத்துவன. தமிழிலே அவ்வேறுபாடு வெடிப்பொலி நிற்குமிடத்தைப் பொறுத்து அமைவது. ஆகவே தொல்காப்பியர் அதனைக் கூறவேண்டிய தேவை எழவில்லை. ஒவ்வோர் இலக்கணமும் தன் மொழி எழுப்பும் வினாக்களுக்கே விடையளிக்கும். சிந்தி மொழிக்கு ஒரு தொல்காப்பியர் தோன்றியிருப்பின் அவர் நூல் குரல்வளையின் ஏற்ற இறக்கத்தோடு தொடங்கியிருக்கக்கூடும்.

ஆகவே, 'எல்லாம் எம் நூலில் உள்ளது' என்ற புகழுரை தொல்காப்பியரை உயர்த்துவதில்லை. அவர் கவனமாக இட்ட எல்லைக்கோட்டை அது அழிக்கிறது. எல்லையுள் நின்று அவர் கண்ட நுட்பத்தையும் மறைக்கிறது. தகரத்துக்கு நா பரக்கும் என்று கண்டவரை, இடங்களைப் பட்டியலிட்டவராக மட்டும் நாம் வாசித்துப் பழகிவிட்டோம். மறுபுறம், சூத்திரத்தைப் பழம்பொருளென ஒதுக்குவோர் பத்து, பற்று, பட்டு ஆகியவற்றைத் தம் வாயாலேயே வேறுபடுத்திக்கொண்டு, அவ்வேறுபாட்டை முதலில் எழுதிவைத்த நூலை மறுக்கின்றனர்.

இலக்கண வகுப்பிலே பிறப்பியலைத் தொடங்கும்போது அட்டவணைக்கு முன்னர் கண்ணாடியொன்று மாணவர் கைக்கு வரவேண்டும். தொல்காப்பியச் சூத்திரத்தையும் நன்னூற் சூத்திரத்தையும் அருகருகே வைத்து, எச்சொல் விடுபட்டது, அச்சொல்லுக்கு வாயில் எச்செயல் ஒத்துள்ளது என்று சோதிக்க வேண்டும். தமிழில் இல்லாத ஒலியொன்றையும் அங்கு அறிமுகஞ் செய்தல் நன்று. இல்லாததனோடு ஒப்பிடும்போதே நம் மொழியில் உள்ளது எதனால் அவ்வாறு உள்ளது என்பது புலனாகும். பிறப்பியலை நம்மிடம் விட்டுச்சென்றவர் அதனை மனனஞ் செய்து எழுதவில்லை. கேட்டும், ஒலித்தும், நாவின் அசைவை உணர்ந்தும் எழுதினார். அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அம்முறையைத் தொடர்வதேயாகும்.