சூடு எங்கே போகிறது: நெட்டலை ஹாம்களின் பாணிகளும் தரங்களும்

ஒரு ஹாம் (அமெச்சூர் வானொலி) நிலையத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை வாட்?” என்றுதான். அலைவரிசை கீழே இறங்க இறங்க அந்தக் கேள்வியின் மதிப்பும் இறங்குகிறது. 136 கிலோஹெர்ட்ஸில் ஒருவர் 200 வாட்டை ஆன்டெனாவுக்கு ஊட்டினால், வீட்டுத் தோட்டத்து அமைப்பில் அலையாகக் கிளம்புவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. மீதி அத்தனையும் சூடு. அந்தச் சூடு மண்ணில் போகிறதா, சுருளில் போகிறதா, கப்பாசிட்டரில் போகிறதா, ஃபைனல் டிரான்சிஸ்டரில் போகிறதா என்று பார்த்தால் நிலையத்தின் தரம் தெரிந்துவிடும். நெட்டலைக்காரர்கள் பல பாணிகளாகப் பிரிந்ததும் இந்த இடத்தில்தான்.

கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 136 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 2,200 மீட்டர். கால் அலை என்றாலே 550 மீட்டர் கம்பம் வேண்டும். நம்மிடம் இருப்பதோ 12 மீட்டர் உயரமும் 40 மீட்டர் நீள மேல்கம்பியும் கொண்ட தலைகீழ் ‘எல்’. அதன் மின்தேக்கம் சுமார் 280 பிகோஃபாரட். அதை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவர 4.8 மில்லிஹென்றிச் சுருள் வேண்டும். சுருளின் க்யூ (தரக்காரணி) 300 என்று வைத்தால் அதன் தடை 14 ஓம். எர்த் தடை 60 ஓம் என்று கொண்டால், 200 வாட்டுக்கு 1.6 ஆம்பியர் ஓடும். சுருளில் மட்டும் 37 வாட் சூடாகும். அதன் மேல்முனையில் ஏறத்தாழ 6,800 வோல்ட் நிற்கும். அதே சுருளை அவசரமாகச் சுற்றி க்யூ 100 ஆகிவிட்டால், ஆன்டெனா மின்னோட்டம் 1.4 ஆம்பியருக்கு இறங்கும். சுருளில் எரிவது 80 வாட்டைத் தாண்டும். சாலிடரிங் அயர்ன் மூன்றைச் சுருளுக்குள் சொருகி வைத்தது போன்ற சூடு அது.

இந்தக் கலையின் மூத்த பாணிகள் பெரிய நிலையங்களில் பிறந்தவை. சுவீடனின் கிரிமெட்டன் நிலையம் 1924-இல் வேலையைத் தொடங்கியது. 127 மீட்டர் உயரக் கோபுரங்கள் ஆறு, 200 கிலோவாட் அலெக்சாண்டர்சன் ஆல்டர்னேட்டர் ஒன்று, 17.2 கிலோஹெர்ட்ஸ். 2004-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. அங்கே நான் வியப்பது இயந்திரத்தைவிட ஆன்டெனாவை. ஒவ்வொரு கோபுரத்தடியிலும் தனிச் சுருள், தனி எர்த். மின்னோட்டத்தை ஆறாகப் பகிர்ந்துவிட்டால் மண்ணில் வீணாவது குறைகிறது. எந்த ஒரு சுருளும் முழுச் சுமையைத் தூக்க வேண்டியதில்லை. இதைப் பகிர்வுப் பாணி என்பேன்.

இங்கிலாந்தின் ரக்பி நிலையம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. 1926 முதல் 16 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த அந்த நிலையத்தின் ஆன்டெனாச் சுருள் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரச்சட்டத்தில் சுற்றிய லிட்ஸ் வடம். உள்ளே ஒன்றிலிருந்து ஒன்று காப்பிடப்பட்ட 6,561 தாமிர இழைகள். சுமையைப் பிரிக்காமல், ஒரே சுருளை எவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியுமோ அவ்வளவு நேர்த்தியாகச் செய்த பாணி அது. உலகெங்கும் கொட்டகைகளில் சுருள் சுற்றும் ஹாம்கள் இந்த இருவரில் ஒருவரின் வழித்தோன்றல்கள்தாம்.

நம் பக்கத்துப் பெருநிலையம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்ப 1990 அக்டோபரில் கடற்படை தொடங்கிய ஐஎன்எஸ் கட்டபொம்மன், 18.2 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் கம்பங்கள் 471 மீட்டர் உயரம். இந்தியாவின் மிக உயர்ந்த கட்டமைப்புகளில் அவை சேரும். அவ்வளவு உயரம் இருந்தும், 16 கிலோமீட்டருக்கும் அதிகமான அலைநீளத்துக்கு அது குட்டை ஆன்டெனாதான். சுருளும் மின்னழுத்தமும் அங்கேயும் விட்டுவிடுவதில்லை.

நாம் நிலையம் நடத்தும் புனேயின் கதை வேறு. கிர்க்கியிலும் தவுண்டிலும் 1927-இல் மார்க்கோனியின் பீம் நிலையங்கள் வந்தபோது, உலகம் நெட்டலையை விட்டுச் சிற்றலைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஆகவே இந்த நகரத்துக்கு நெட்டலைப் பெருமை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வானொலி 792 கிலோஹெர்ட்ஸில் 100 கிலோவாட் மத்திய அலையை இங்கிருந்து ஒலிபரப்பி வந்திருக்கிறது. ஹாம்களின் கை பழகியது 160 மீட்டர். நம் உரிமத்தில் நெடுங்காலமாக இருந்த தாழ்முனை 1820 முதல் 1860 கிலோஹெர்ட்ஸ் வரை. ஜெனரல் கிரேடு உரிமத்துக்கு 400 வாட் வரம்பு. 136 கிலோஹெர்ட்ஸை 2007-இலும் 472 கிலோஹெர்ட்ஸை 2012-இலும் உலக மாநாடுகள் ஹாம்களுக்குத் திறந்துவிட்டன. இரண்டுக்கும் அடிப்படை வரம்பு ஒரு வாட் கதிர்வீச்சு. அந்த ஒரு வாட்டைத் தொடவே நூற்றுக்கணக்கான வாட் ஊட்ட வேண்டியிருப்பதால்தான் சூட்டைப் பற்றிய பேச்சு இத்தனை முக்கியமாகிறது.

இனிச் சுருள். தடிக்கம்பிக்காரர்கள் ஒரு பக்கம், பல்லிழைக்காரர்கள் ஒரு பக்கம். இவர்களின் சண்டை ஓயாததற்குக் காரணம், இருவரும் வெவ்வேறு அலைவரிசையில் நின்றுகொண்டு பேசுவது. மின்னோட்டம் தாமிரத்தின் தோலில்தான் ஓடும். 136 கிலோஹெர்ட்ஸில் அந்தத் தோலின் தடிமன் சுமார் 0.18 மில்லிமீட்டர். 0.1 மில்லிமீட்டர் இழைகளை முறுக்கிய லிட்ஸ் அங்கே நன்றாக வேலை செய்யும். 1.8 மெகாஹெர்ட்ஸில் தோல் 0.05 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அங்கே கடைச்சரக்கு லிட்ஸால் பயனில்லை. தாமிரக் குழாயும் தடித்த கம்பியும்தான் சரி. 160 மீட்டரில் தாமிரக் குழாயை நம்பியவர் 136-க்கும் அதையே எடுத்துப்போனால் சுருள் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும்.

புனேயில் கைக்கு எட்டும் சுருள் ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். உடல், தண்ணீர் பிடிக்கும் 50 லிட்டர் நீல டிரம். குறுக்களவு 38 சென்டிமீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் எனாமல் கம்பி, 3 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்றாக, ஏறத்தாழ 145 சுற்று. கம்பி 170 மீட்டரைத் தாண்டும். புதவார் பேட்டை தப்கீர் கல்லியில் மோட்டார் ரீவைண்டிங்காரர்களுக்கு விற்கும் அதே கம்பிதான். சுற்றுகளை ஒட்டி ஒட்டி வைத்தால் இடம் மிச்சம். ஆனால் பக்கத்துச் சுற்றின் காந்தப்புலம் மின்னோட்டத்தை ஒரு மூலைக்குத் தள்ளித் தடையை ஏற்றிவிடும். அந்த இடைவெளியில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. டிரம்மின் பாலிஎதிலீன் இந்த அலைவரிசையில் ஏறக்குறையச் சூடே காட்டாது. வடிகால் குழாயின் பிவிசி அப்படியல்ல: அதன் மின்காப்பு இழப்பு அதிகம், 80 டிகிரியை நெருங்கும்போதே நெகிழத் தொடங்கும். கம்பி பள்ளம் பதித்து உள்ளே இறங்கிய பிவிசிச் சுருள்களைப் பார்த்திருக்கிறேன். கரி கலந்த கறுப்பு டிரம்மையும் தவிர்ப்பது நல்லது.

அந்த டிரம்மில் ஒரே ஓர் இரும்புத் திருகாணி இருந்தாலும் போதும். சுருளின் புலத்துக்குள் நிற்கும் இரும்பு தானே காயும். பித்தளைத் திருகாணி போடுங்கள், இல்லையென்றால் நைலான் நூலால் கட்டுங்கள். தகரக் கூரையிலிருந்தும் சுருளைக் குறைந்தது அதன் குறுக்களவு தூரம் தள்ளி வையுங்கள். தகரம் சுடுவது கண்ணுக்குத் தெரியாது; க்யூ இறங்குவதுதான் தெரியும்.

சுருள் காய்ந்தால் என்ன, சற்று நேரத்தில் ஆறிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. தாமிரம் 50 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். தடை கூடினால் சுருள் எடுத்துக்கொள்ளும் பங்கும் கூடும். முன்காலத்தில் மோர்ஸ் சாவியைத் தட்டியவர்களுக்கு இடைவெளி கிடைத்தது. இன்று நெட்டலையில் ஓடுபவை மெல்ல நகரும் டிஜிட்டல் முறைகள். டபிள்யூஎஸ்பிஆர் ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக முழு விசையில் அனுப்பும். எஃப்எஸ்டி4டபிள்யூவில் ஒரே அனுப்புதல் அரை மணி நேரம் நீடிக்கும் வகைகூட உண்டு. பேச்சுக்காகத் தேர்ந்த ட்யூனரையும் பாலனையும் அதில் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் வாசனை வரவேற்கும்.

பாலன் என்றதும் அதன் ஃபெரைட் வளையத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 160 மீட்டரில் புனே ஹாம்கள் அதிகம் இழப்பது இதைத்தான். 43 வகை ஃபெரைட்டுக்குக் கியூரி வெப்பநிலை சுமார் 130 டிகிரி. அதைத் தொட்டதும் காந்தத்தன்மை சரிந்து, எஸ்டபிள்யூஆர் ஒரே தாவாகத் தாவும். ஆறியதும் பழையபடி நல்லபிள்ளையாக இருக்கும். இந்த ஒளிந்து விளையாடும் பழுதைத் தேடிக் கேபிளையும் கனெக்டரையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள், ஐந்து நிமிடம் அனுப்பிவிட்டு விசையை அணைத்து வளையத்தைத் தொட்டுப் பார்த்தால் போதும்.

கப்பாசிட்டரில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு: மைக்கா. நம் ஊரில் காக்காப்பொன் என்று பிள்ளைகள் பொறுக்கி விளையாடிய அதே கனிமம். கோடர்மாவிலும் நெல்லூர் கூடூர்ப் பகுதியிலும் தோண்டிய மைக்காத் தகடுகள் உலகத்து வானொலிக் கருவிகளில் நிறைந்திருந்த காலம் ஒன்று இருந்தது. புதன், ஞாயிறுகளில் கூடும் புனேயின் ஜூனா பஜாரில் இரும்புக் குவியலுக்கு நடுவே பழைய அனுப்பு மைக்காக்கள் அகப்பட்டால் விடாதீர்கள். அது கிடைக்காதவருக்குப் பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் நல்ல துணை. சிறிய மதிப்புகளாகப் பத்தைப் பக்கவாட்டில் இணைத்து மின்னோட்டத்தைப் பிரித்துவிட வேண்டும். கிரிமெட்டனின் பகிர்வுப் பாணி இங்கேயும் செல்லும். மேலே அச்சிட்ட வோல்ட்டை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அது நேர்மின்னோட்டத்துக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் சொன்ன எண். 136 கிலோஹெர்ட்ஸில் கப்பாசிட்டரைக் கொல்வது அதற்குள் ஓடும் ஆம்பியர்.

ஃபைனலைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். 813 வால்வு செக்கச்செவேலென்று ஒளிர்வதைப் பார்ப்பதில் ஓர் ஆனந்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 60 சதவீதத் திறனுள்ள லீனியரில் 400 வாட் எடுக்க ஏறத்தாழ 267 வாட் சூடாகும். கிளாஸ் டி மாஸ்ஃபெட்டில் 90 சதவீதத் திறன் எட்டக்கூடியது. அங்கே 44 வாட்தான். புனேயின் மே மாதத்து மாடியறையில் இந்த வித்தியாசத்தை உடம்பே சொல்லிவிடும். ஒன்று மட்டும் கவனம்: கிளாஸ் டி சதுர அலை அடிக்கும். வடிகட்டி ஒழுங்காக இல்லாவிட்டால் அக்கம்பக்கத்து வானொலியில் அந்த அலையின் மடங்குகள் கேட்கும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் புனே நிலையத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. கரிசலின் குணத்தைக் கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தக்காணத்துக் கரிசலும் அப்படித்தான்: கோடையில் பாளம் பாளமாக வெடித்து எர்த் கம்பியைக் கைவிடும், மழையில் ஊறி இறுகப் பிடித்துக்கொள்ளும். சற்று ஆழத்திலேயே எரிமலைப் பாறை. நீளக் கம்பியை அடித்து இறக்க முடியாது. அதனால் இங்கே ஆழத்தைவிடப் பரப்பே கைகொடுக்கிறது. மேலாகப் புதைத்த ரேடியல் கம்பிகள் பல, போர்வெல்லின் இரும்புக் குழாய் இருந்தால் அதுவும் சேர்த்து.

இதில் கவனிக்காமல் விடப்படும் விஷயம் ஒன்று உண்டு. மழை பெய்து எர்த் தடை 60 ஓமிலிருந்து 40-க்கு இறங்கினால், அதே 200 வாட்டுக்கு ஆன்டெனா மின்னோட்டம் 1.9 ஆம்பியராகும். கதிர்வீச்சு கூடும், மகிழ்ச்சிதான். ஆனால் 37 வாட்டில் இருந்த சுருள் 50 வாட்டைத் தாண்டும். மேல்முனை 8,000 வோல்ட்டுக்குப் போகும். ஈரக் காற்றில், பல்லி ஏறிய பெட்டியில், அந்த 8,000 வோல்ட்டுக்குப் பொறி பறக்க வழி தேட நேரமாகாது. மே மாதம் தாங்கிய சுருள் ஜூலையில் எரிவதற்கு இதுதான் காரணம். மழையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மண் நல்லதானதன் விலையைச் சுருள் கொடுக்கிறது.

இதையெல்லாம் எப்படி அளப்பது? கையால் தொடுவது விசையை அணைத்த பிறகுதான்; இதில் சலுகை கிடையாது. அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் தாமிரக் குழாயை நோக்கிப் பிடித்தால் அது பொய் சொல்லும். மெருகேறிய உலோகம் தன் சூட்டை மிகக் குறைவாகவே கதிர்வீசும். 80 டிகிரிக் குழாய் அறைச்சூட்டில் இருப்பதாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டி அதை நோக்கி அளவெடுக்க வேண்டும். சுருளில் அடிமுனை, நடு, மேல்முனை என்று மூன்று இடம். கப்பாசிட்டரில் ஒவ்வொன்றும் தனித்தனியாக. பத்தில் ஒன்று மட்டும் சுட்டால் மற்ற ஒன்பதின் இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

நம் நிலையக் குறிப்பேடுகளில் நாள், நேரம், அலைவரிசை, எதிர்நிலையம், வாட் என்று கட்டங்கள் உண்டு. தாழ் அலைவரிசையில் இறங்கும் புனே நண்பர்கள் அவற்றுக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்களைக் கூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: ஆன்டெனா அடியில் எத்தனை ஆம்பியர், அரை மணி நேரம் அனுப்பிய பின் சுருளின் மூன்று இடங்களிலும் எத்தனை டிகிரி, அன்றைக்கு மண் ஈரமா காய்ந்ததா. ஜூன் முதல் வாரத்தில் தொடங்கினால், மழை முடிவதற்குள் கோடைக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு முழுப் பருவத்தின் எண்கள் கையில் இருக்கும்.