கண்ணும் புண்ணும்

ஜொகூர் மாநிலத்தில், மூவார் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது மூவார் நகரம். அங்கு வாழும் தமிழர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலாயும் பேசிப் பழகியவர். இரு மொழியும் அறிந்தவர்க்கு ஓர் ஒற்றுமை எளிதிற் புலப்படும். மலாய்மொழி கதிரவனை 'மாத்தா ஹாரி' என்கிறது. பகலின் கண் என்பது அதன் பொருள். நீரூற்றை 'மாத்தா ஆயர்' என்கிறது. நீரின் கண் என்பது பொருள். தமிழும் நீர் சுரக்கும் இடத்தை ஊற்றுக்கண் என்றே வழங்குகிறது. உள்ளத்தால் உணரும் ஆற்றலை மலாய்மொழி 'மாத்தா ஹாத்தி' என்னும். தமிழ் அகக்கண் என்னும். வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகள் ஒரே உருவகத்தைக் கையாள்வது எண்ணிப் பார்க்கத் தக்கது.

கண் என்பது ஒளியை உள்வாங்கும் உறுப்பு மட்டும் அன்று. உள்ளிருப்பது வெளிப்படும் வாயிலும் ஆகும் என்பதை இவ்வழக்குகள் காட்டுகின்றன. ஊற்றுக்கண்ணிலிருந்து நீர் பெருகுகிறது. தேங்காய்க்குக் கண் மூன்று. அவற்றுள் மென்மையான ஒரு கண்ணின் வழியாகவே முளை வெளிவருகிறது. மற்ற இரண்டும் கெட்டிப்பட்டு மூடியே கிடக்கின்றன. மென்மை உள்ள கண்ணே உயிர் தழைக்க வழிவிடுகிறது.

'அகக்கண் திறத்தல்' என்றவுடன், புருவ நடுவில் ஓர் ஒளியைக் காணுதல் என்றே பலரும் பொருள் கொள்வர். யோக நூல்கள் அவ்வாறு கூறுவதும் உண்மையே. ஆயினும், உள்ளிருந்து ஒன்று பிறர்பால் சுரத்தல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டா என்பது ஆராயத் தக்கது. முதற்பொருளை மட்டும் கொண்டால், அகக்கண் அருந்தவம் செய்த சிலருக்கே உரியதாகி, ஏனையோர் கைகூப்பி விலகி நிற்கும் பொருளாகிவிடும். இரண்டாம் பொருளையும் கொண்டால், அது தோட்டத் தொழிலாளிக்கும் பள்ளிச் சிறுவனுக்கும் உரிய கடமையாகும். தமிழ் நூல்கள் எதற்கு இடந்தருகின்றன?

வள்ளுவர் கூறும் இரு புண்கள்

திருக்குறளில் கல்வி நாற்பதாம் அதிகாரம். கண்ணோட்டம் ஐம்பத்தெட்டாம் அதிகாரம். கற்றவரே கண்ணுடையவர் என்றும், கல்லாதவர் முகத்தில் இருப்பவை புண்கள் என்றும் முன்னதில் கூறுகிறார் வள்ளுவர். கண்ணுக்கு அணிகலன் இரக்கமே என்றும், அஃது இல்லையானால் அக்கண் புண் என்றே கருதப்படும் என்றும் பின்னதில் கூறுகிறார். பதினேழு அதிகாரங்கள் இடையிட்டும், அதே 'புண்' என்னும் சொல் மீண்டும் வருகிறது.

எதுகைக்காக வந்த சொல் என்று இதனைக் கடந்து செல்வாரும் உளர். எதுகை நயம் இருப்பது மெய்யே. எனினும், எதுகைக்குப் பொருந்திய சொல் பொருளுக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பதே திறனாய்வின் வேலை. புண்ணும் உடம்பில் ஒரு திறப்பு. கண்ணும் ஒரு திறப்பு. புண் தன் நோவை மட்டுமே அறியும். கண்ணோ தனக்கு வெளியே உள்ளதை அறியும். தன்னை மட்டுமே அறிந்திருக்கும் கண், வடிவத்தால் கண்ணாயினும் தொழிலால் புண்ணே அன்றோ? வள்ளுவர் எண்ணம் இவ்வளவு நுட்பமாக அமைந்திருத்தலின், அச்சொல்லாட்சியை வெறும் ஓசை நயம் என்று தள்ளுதல் ஆகாது.

மற்றொன்றும் நோக்கத் தக்கது. இவ்விரு அதிகாரங்களும் துறவறவியலில் அமையவில்லை, பொருட்பாலில் அமைந்துள்ளன. துறவியின் தெளிந்த காட்சியை மெய்யுணர்தல் என்னும் அதிகாரத்தில் தனியே கூறிய வள்ளுவர், கண் கண்ணாவதற்கு வேண்டிய கல்வியையும் கண்ணோட்டத்தையும் உலகியலில் நிற்பார்க்கே வகுத்தார். கல்வி மட்டும் போதும் என்று அவர் விடவில்லை. கற்றவன் கண்ணும் இரக்கம் இன்றேல் மீண்டும் புண்ணாகும்.

திண்ணனார் கண்ட குருதி

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில், கண்ணப்பர் வரலாறு இவ்விரு கண்களையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டுகிறது. சிவகோசரியார் ஆகமம் அறிந்தவர். திருக்காளத்தி மலையில் அவர் முதலில் கண்டது, இறைவன் திருமுன் கிடந்த இறைச்சியை. அவ்விறைச்சியைக் கொணர்ந்த அன்பை அவர் காண்பதற்கு இறைவனே கனவில் தோன்றிச் சொல்ல வேண்டியிருந்தது. கல்விக் கண் அவருக்குத் திறந்திருந்தது. மற்றொரு கண் திறக்கவே மறைந்திருந்து காணுமாறு பணிக்கப்பட்டார்.

திண்ணனாரின் அகக்கண் எப்போது திறந்தது? தம் கண்ணை இடந்து அப்பியபோது என்பதே பலர் விடை. வரலாற்றின் படிகளை நிரலே நோக்கினால் விடை சிறிது மாறும். இறைவன் கண்ணில் குருதி கண்டதும் அவர் முதலில் செய்தது, இதைச் செய்த பகைவர் யார் என்று வில்லேந்தித் தேடியது. எவரையும் காணாமையால், அடுத்துப் பச்சிலை கொணர்ந்து பிழிந்தார். அதனாலும் குருதி நிற்காதபோதுதான், ஊனுக்கு ஊனே மருந்து என்று முன்பு கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது. சினம், மருத்துவம், ஈகை என்று மூன்று படிகள் அமைந்துள்ளன. உண்மையான இரக்கம் வளரும் முறையும் இதுவே. பிறர் துன்பம் கண்டவுடன் குற்றவாளியைத் தேடுவதோடு நின்றுவிடுவார் பலர். கையிலுள்ள மருந்தைக் கொடுத்து அமைவார் சிலர். தம்மையே கொடுப்பார் மிகச் சிலர். முதற்படிக்கும் முன்னே, அக்குருதியைக் கண்டு பதைத்தபோதே திண்ணனாரின் கண் திறந்துவிட்டது. கண்ணைக் கொடுத்தது அதன் பயன்.

வள்ளுவரின் உருவகம் இங்குத் தலைகீழாகிறது. இறைவனின் கண் புண்ணாயிற்று. அடியவர் தம் கண்ணைக் கொடுத்துப் புண்ணைத் தாம் ஏற்றார். ஆயினும் தம் நோவை அவர் உணரவில்லை. குருதி நின்றதைக் கண்டு மகிழ்ச்சியால் துள்ளிக் கூத்தாடினார். புண் தன் நோவை மட்டுமே அறியும் என்னும் இயல்பை அன்பு மாற்றிவிட்டது.

இரண்டாம் கண்ணிலும் குருதி பெருகியபோது, அவ்விடத்தைத் தம் காலால் ஊன்றி அடையாளம் செய்துகொண்டார் திண்ணனார். கால் வைத்த பேரன்பை உரையாளர் பலர் வியந்துள்ளனர். அதனுள் இருக்கும் செயலறிவும் வியக்கத் தக்கதே. பார்வை போய்விடுமே என்ற கவலை அவரிடம் இல்லை. பார்வை போனபின் இடம் தெரியாமற் போகுமே என்ற கவலையே இருந்தது. இருளிலும் தொண்டு தவறக் கூடாது என்று முன்னறிந்து செய்யும் ஏற்பாடு அது. அகக்கண் என்பது உலகை மறந்த மயக்கம் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தண்டியடிகளின் கயிறு

அதே நூலில் தண்டியடிகள் வரலாறும் உண்டு. திருவாரூரில் பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்தவர் அவர். கோயிலின் மேற்கே இருந்த குளம் சுருங்கிவரக் கண்டு—இங்குக் 'கண்டு' என்பதே பொருத்தமான சொல்—அதனை அகழத் துணிந்தார். குளத்தினுள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டினார். கண்ணப்பர் காலால் செய்த ஏற்பாட்டைத் தண்டியடிகள் கயிற்றால் செய்தார்.

இவ்வரலாற்றின் முடிவு இன்றைய ஆசிரியர்க்கு ஓர் இடர்ப்பாட்டைத் தருகிறது. தண்டியடிகள் பார்வை பெறுகிறார். அவரை இகழ்ந்து இடையூறு செய்த சமணர் பார்வை இழக்கின்றனர். சமயப் பூசல் மிகுந்திருந்த காலத்தின் முத்திரை இம்முடிவில் உள்ளது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. சமணர் தமிழுக்கு ஆற்றிய தொண்டை அறிந்த ஆசிரியர் எவரும் இதனைத் தயக்கமின்றிப் பாராட்டிச் சொல்ல இயலாது. மேலும், பார்வையின்மை தீவினையின் தண்டனை என்று இம்முடிவைக் கொண்டு பொதுவிதி செய்தால், அவ்விதியைத் தண்டியடிகளின் பிறப்பே மறுத்துவிடும். இகழ்ந்தவர் கண்ணிருந்தும் காணாதவர், தொண்டர் கண்ணின்றியும் கண்டவர் என்னும் உண்மை, முடிவுக்கு முன்பே கயிற்றிலும் கூடையிலும் நிறைவுற்றுவிட்டது. அதற்குப் பின் வரும் அற்புதம் அவ்வுண்மைக்குப் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை.

சுந்தரர் நிலை வேறு. சங்கிலியாரைப் பிரியேன் என்று திருவொற்றியூரில் சூளுரைத்து, அதனை மீறி ஆரூருக்குப் புறப்பட்டமையால் பார்வை இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் இடக்கண் பெற்றார். திருவாரூரில் வலக்கண் பெற்றார். இங்குப் பார்வையிழப்பு தண்டனையே. ஆனால், தண்டிக்கப்பட்டவர் இறைவனுக்கே தோழர் என்பதையும், தண்டனைக்குக் காரணம் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியது என்பதையும் மறத்தல் கூடாது. பிறர் நெஞ்சின் நோவைக் காணாத கண் சிறிது காலம் மூடப்பட்டது என்று கொள்வதே வரலாற்றோடு பொருந்தும்.

வடலூர் காட்டும் வரிசை

அகக்கண்ணை யோகக் காட்சியாகவே கொள்வார்க்குத் திருமூலர் பெருந்துணை. முகத்துக் கண்ணால் காண்பதைக் காட்டிலும் அகத்துக் கண்ணால் காண்பதே இன்பம் என்று அவர் கூறியுள்ளார். அவரே, இறைவனுக்கு ஒரு பச்சிலையும் பசுவுக்கு ஒரு வாய்ப் புல்லும் பிறர்க்கு ஒரு கைப்பிடி உணவும் இன்சொல்லும் எவர்க்கும் எளியவை என்றும் கூறினார். முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விடுவது முறையன்று.

வள்ளலார் வாழ்வு இவ்விரண்டையும் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. வடலூரில் பசித்தோர்க்குச் சோறிடும் சத்திய தருமச்சாலை 1867-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஏழு திரைகளை விலக்கி ஒளியைக் காணும் சத்திய ஞானசபை 1872-ஆம் ஆண்டுத் தைப்பூச நாளில் திறக்கப்பெற்றது. அடுப்பு முதலில் எரிந்தது. சோதி பின்னர்க் காட்டப்பெற்றது. தைப்பூசத்தைப் பெருவிழாவாகக் கொண்டாடும் மலேசியத் தமிழர், அதே நாளில் வடலூரில் விலகும் திரைகளையும், அவற்றுக்கு ஐந்தாண்டு முன்பே மூட்டிய அடுப்பையும் சேர்த்தே நினைத்தல் தகும்.

வகுப்பறையில் செய்யத் தக்கது

இவ்வளவும் நூலாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தி அன்று. அறியாமையைக் 'குருடு' என்னும் சொல்லால் சுட்டுவது மேடையிலும் வகுப்பறையிலும் பழகிப்போன வழக்கம். அவ்வகுப்பில் பார்வையற்ற சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தால், அவன் காதில் அச்சொல் எவ்வாறு விழும்? கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தைக் கண்ணோட்டம் இன்றிக் கற்பித்ததாக அன்றோ முடியும்?

வள்ளுவர் எண்ணையும் எழுத்தையுமே வாழும் உயிர்க்குக் கண் என்றார். பிரான்சு நாட்டு லூயி பிரெயில், தாமே பார்வையற்றவராய் இருந்து, ஆறு புள்ளிகளால் அமைந்த எழுத்துமுறையை 1829-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அம்முறை இன்று தமிழுக்கும் உண்டு. புள்ளி எழுத்தை விரலால் தடவிக் குறள் படிக்கும் மாணவன், வள்ளுவர் இலக்கணப்படி கண்ணுடையவனே. அவன் விரல் செல்லும் புள்ளி வரிசை, திருவாரூர்க் குளத்தில் கட்டிய கயிறு போன்றதே.

ஆதலின், கண்ணப்பர் பாடம் நடத்தும் ஆசிரியர், அவர் எதைக் கொடுத்தார் என்று கேட்பதற்கு முன், எதைக் கண்டார் என்று மாணவரைக் கேட்டல் நன்று. குருதியைக் கண்டார், பதைத்தார் என்று ஒரு மாணவன் விடை சொல்வானாயின், அகக்கண் என்னும் சொல்லுக்கு அவன் பொருள் அறிந்துகொண்டான் என்று கொள்ளலாம். மறுநாள் பக்கத்து இருக்கையில் வாடிய முகத்தோடு அமர்ந்திருப்பவனை அவன் திரும்பிப் பார்ப்பானாயின், பாடம் பயன் தந்தது என்று மகிழலாம்.