தலைமாட்டுப் பெட்டி

நம்முடைய கதைகளில் ஒரு பெட்டி உண்டு. வாசகர்களுக்கு அது நல்ல பழக்கம். தகரப் பெட்டியாக இருக்கலாம், தேக்குப் பெட்டியாக இருக்கலாம். கட்டிலுக்கு அடியிலோ பீரோவின் கீழ்த் தட்டிலோ இருக்கும். சொந்தக்காரி உயிரோடு இருக்கிற வரையில் அதை யாரும் தொடுவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மகனோ மருமகளோ திறக்கிறார்கள். உள்ளே மஞ்சள் பூத்த கடிதக் கட்டு ஒன்று, மூலை மடிந்த போட்டோ ஒன்று, சருகாகிப்போன பூ ஒன்று. அத்துடன் கதை முடிந்துவிடுகிறது. நாற்பது வருஷம் ஒருத்தி வாய் திறக்காமல் இருந்ததை ஒரு பெட்டி ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறது. ஆசிரியருக்கு வேலை மிச்சம்.

இந்தப் பெட்டியைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம். பெட்டி இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மனிதன் தலைமாட்டில் எதையாவது வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். கூடத்தில் மாட்டுகிற படம் வேறு, தலையணை உறைக்குள் இருக்கிற படம் வேறு. கூடத்துப் படத்தைப் பார்த்து, வந்தவர் ‘இது யார்?’ என்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் மாட்டுகிறோம். தலையணைப் படத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கக் கூடாது. இந்த இரண்டாவது படத்தை நம் இலக்கியம் எப்படி நடத்தியிருக்கிறது என்பதே கேள்வி.

ஏற்காட்டை அடுத்து வெள்ளக்கடை என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. எழுதுவதற்கென்று அந்தப் பக்கம் போய்த் தங்குகிற வழக்கம் எனக்கு உண்டு. சேர்வராயன் மலையின் குடிகளை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்காரர்கள் அல்லர், தமிழ் பேசுகிறவர்கள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கதை சொல்கிறவர்கள். அவர்களுடைய பழைய மாதிரி வீட்டில் மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர், புல் வேய்ந்த கூரை, உள்ளே ஒரு பரண். இன்று சிமெண்டு வீடுகள் பல வந்துவிட்டன. ஆனாலும் வீடு என்றால் அங்கே பெரும்பாலும் ஒரே அறைதான். சமைப்பதும் படுப்பதும் பிள்ளை பெறுவதும் அதற்குள்ளேயே. படுக்கையறை என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை.

அதே மலையில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பின்னால் தோட்டங்கள் வந்தன. தோட்டங்களோடு துரைமார் பங்களாக்கள் வந்தன. பங்களாவோடு உள்ளே தாழிட்டுக்கொள்ளும் படுக்கையறையும், இழுப்பறை வைத்த மேஜையும், சாவிக்கொத்தும் வந்தன. நம் நாவல்களின் படுக்கையறையும் இப்படித்தான் வந்தது. இந்த மலையிலிருந்து வரவில்லை. ஆங்கில நாவல்களின் பங்களாவிலிருந்து வந்தது. இழுப்பறையும் பூட்டும் இருந்தால்தான் அந்தரங்கம் இருக்கும் என்று நம் எழுத்தாளர்கள் நினைத்துவிட்டார்கள். அதனால்தான் கூரை வீட்டுக் கதையிலும் ஒரு கடிதக் கட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்குக்கூட யாரோ எழுதிய கடிதம் இருக்கிறது!

எட்டுப் பேர் படுக்கிற ஒற்றை அறையில் அந்தரங்கம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. இடம்தான் வேறு. கூரைச் செருகலில் இருக்கும். பரண்மேல் கவிழ்த்த பானையில் இருக்கும். முந்தானை முடிச்சில் இருக்கும். பல சமயம் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே, ஒருத்திக்கு மட்டும் அர்த்தம் தெரிந்த பொருளாக இருக்கும். உடைந்த வளையல் துண்டு, ஒரு குழந்தையின் அரைஞாண் கயிறு, தோட்டத்துச் சம்பளத் துண்டு ஒன்று. யார் கண்ணில் பட்டாலும் குப்பை. பெருக்கி எறியாமல் அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த எழுத்தாளன்தான் அந்த வீட்டைப் பற்றி எழுதத் தகுந்தவன்.

பழைய இலக்கியத்தில் இந்த விஷயம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். நம்மிடம் பொருள்களுக்குக் குறைவில்லை. கண்ணகியின் சிலம்பு இருக்கிறது. சகுந்தலையின் மோதிரம் இருக்கிறது. இராமனின் கணையாழி இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் என்ன செய்கின்றன? சாட்சி சொல்கின்றன. சிலம்பு பாண்டியன் சபையில் உடைந்து மாணிக்கத்தைக் காட்டுகிறது. மோதிரம் மீன் வயிற்றிலிருந்து வெளிவந்து துஷ்யந்தனுக்கு மறந்ததை நினைவூட்டுகிறது. கணையாழி, வந்திருப்பவன் இராம தூதனே என்று சீதைக்கு நிரூபிக்கிறது. இவை அடையாளங்கள். காட்டுவதற்கென்றே இருப்பவை. ஞாபகப் பொருளோ காட்டாமல் இருப்பதற்கென்று இருப்பது. அடையாளத்தில் நம் மரபு கைதேர்ந்தது. ஞாபகப் பொருளில் அவ்வளவு பழக்கமில்லை. கதைகளின் பெட்டி திறந்தவுடன் சாட்சி சொல்லத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் இன்னும் பாண்டியன் சபையிலேயே நிற்கிறோம்.

கம்பனை மட்டும் விலக்காகச் சொல்ல வேண்டும். சீதை வழியில் துணியில் முடிந்து எறிந்த நகைகளைச் சுக்கிரீவன் இராமனிடம் காட்டுகிற இடம் கிட்கிந்தா காண்டத்தில் வருகிறது. கதைக்கு வேண்டியது ஒரு துப்பு. சீதை இந்த வழியாகப் போனாள் என்று தெரிந்தால் போதும். கம்பன் அத்துடன் விடுவதில்லை. நகைகளைப் பார்த்த இராமன் நிலைகுலைகிறான். கதை அங்கே நின்றுவிடுகிறது. துப்பு ஞாபகமாகிவிட்டது. அசோகவனத்திலோ இதற்கு நேர் மாறு. மற்ற நகைகளை எறிந்தவள் சூடாமணியை மட்டும் ஆடையில் முடிந்து பத்து மாதம் வைத்திருக்கிறாள். அவளுக்கு அறை ஏது, பெட்டி ஏது? உடுத்திய துணிதான். அதை அவிழ்த்து அனுமன் கையில் கொடுக்கிற கணத்தில் ஞாபகம் அடையாளமாகிறது. அவளாகக் கொடுத்தாள் என்பதுதான் முக்கியம். அவள் முந்தானையை வேறு யாரும் அவிழ்க்கவில்லை.

வேறு யாராவது அவிழ்க்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஹென்றி ஜேம்ஸ் 1888-ல் ‘ஆஸ்பர்ன் பேப்பர்ஸ்’ என்ற குறுநாவலாக எழுதினார். வெனிஸ் நகரத்தில் ஒரு பழைய மாளிகை. செத்துப்போன கவிஞன் ஒருவன் எழுதிய கடிதங்களை, அவனுடைய பழைய காதலி, இப்போது தொண்டு கிழவி, தன் அறையில் வைத்திருக்கிறாள். அவற்றை அச்சில் கொண்டுவர ஆசைப்பட்ட ஓர் ஆராய்ச்சிக்காரன் வேறு பெயரில் குடித்தனக்காரனாக வந்து சேர்கிறான். ஒரு ராத்திரி கிழவியின் அறைப் பக்கம் நுழைந்து மேஜையில் கை வைக்கப் போகிறான். திரும்பிப் பார்த்தால் கிழவி நிற்கிறாள். பிறகு அவள் இறந்துபோகிறாள். கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் மெத்தைக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தது தெரியவருகிறது. கடைசியில் அந்த வீட்டு இளையவள் அவற்றை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டுவிடுகிறாள்.

அந்தக் கடிதங்களிலிருந்து ஒரு வரியைக்கூட ஜேம்ஸ் நமக்குக் காட்டுவதில்லை. இதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. ஆராய்ச்சிக்காரனுக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு ஆசை வாசகனுக்கும் வருகிறது. அவனோடு சேர்ந்து நாமும் அந்த அறைக்குள் அடி எடுத்து வைக்கிறோம். கிழவியின் பார்வை நம் மேலும் விழுகிறது. நம்மூர்க் கதாசிரியர் இதை எழுதியிருந்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதத்தையாவது முழுசாகப் படித்துக் காட்டியிருப்பார்.

இதற்கு நேர் எதிரான காரியத்தைத் துருக்கி நாவலாசிரியர் ஓரான் பாமுக் செய்தார். 2008-ல் வெளிவந்த அவருடைய ‘மாசின்மையின் அருங்காட்சியகம்’ என்ற நாவலில் கெமால் என்ற பணக்காரன், கை நழுவிப் போன ஃப்யூசுன் என்ற பெண்ணின் வீட்டுக்கு ஏறத்தாழ எட்டு வருஷம் சாப்பாட்டு வேளையில் போய் வருகிறான். போகும்போதெல்லாம் அவள் கை பட்ட எதையாவது எடுத்து வந்துவிடுகிறான். உப்புக் குப்பி, சீப்பு, கொண்டை ஊசி; அவள் புகைத்துப் போட்ட சிகரெட் துண்டுகள் மட்டும் 4,213. பாமுக் இத்துடன் நிற்கவில்லை. இஸ்தான்புல் நகரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கி, 2012-ல் நிஜமாகவே அருங்காட்சியகம் வைத்துவிட்டார். நாவலின் 83 அத்தியாயங்களுக்கு 83 கண்ணாடிப் பேழைகள். மேல் மாடியில் கெமால் படுத்திருந்ததாகச் சொல்லும் கட்டில். படுக்கையறையே நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கும் இடமாகிவிட்டது.

பாமுக்கின் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு உப்புக் குப்பிக்கு இவ்வளவு கனம் உண்டு என்று இவரைப் போல் எழுதிக் காட்டியவர்கள் மிகக் குறைவு. ஆனால் நாவலை மூடிய பிறகு ஒரு கேள்வி மனசில் தங்குகிறது. இத்தனை பொருளும் ஃப்யூசுனுடையவை. அவள் தனக்கென்று எதைப் பத்திரப்படுத்தினாள்? கெமால் சேர்த்ததற்குக் கணக்கு இருக்கிறது. அவள் சேர்த்ததற்கு ஒரு பேழைகூட இல்லை. காதலன் சேகரித்தான், காதலி சேகரிக்கப்பட்டாள். இதைப் பாமுக் தெரிந்தே செய்திருக்கலாம். கெமாலின் குருட்டுத்தனத்தைக் காட்டுவது அவர் நோக்கமாக இருக்கலாம். இருந்தாலும் கட்டடம் எழும்பிய பிறகு அந்தக் குருட்டுத்தனத்துக்கே மண்டபம் கட்டியது போல் ஆகிவிட்டது.

பேழைக்குள் போன பொருளுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு ஏற்காட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், உத்தியோகம் முடிந்த பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். 1912-ல் அவர் இறந்தார். 1914-ல் அவற்றின் பட்டியல் புத்தகமாக வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண். இதே மாதிரிக் கற்கோடரிகளை இந்தப் பக்கத்து மலைகளில் மரத்தடியிலும் சின்னக் கோயில்களிலும் சாமியாக வைத்திருப்பதும் உண்டு. கல் ஒன்றுதான். செய்தவனுக்குக் கருவி, மலைக்குடிக்குத் தெய்வம், அருங்காட்சியகத்துக்கு எண். நாலாவதாக, அந்தக் கோடரியை யாராவது தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தால், அது அவனுக்கு என்னவாக இருந்திருக்கும்? அது மட்டும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஞாபகப் பொருளின் அர்த்தம் ஆளோடு போய்விடுகிறது. மிஞ்சுவதை நாம் கும்பிடலாம், எண் போடலாம், எறியலாம்.

எழுத்தாளன் அந்த நாலாவதைப் பிடிக்க வேண்டியவன். இதில் நமக்கு நெருங்கிய சங்கடம் ஒன்று உண்டு. புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்தார். மனைவியைப் பிரிந்திருந்த காலங்களில் அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற புத்தகமாக வந்தன. படித்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். கதைகளில் யாரையும் கிண்டல் செய்கிற மனிதர், இங்கே பணம் அனுப்ப முடியவில்லையே என்று தவிக்கிறார். தமிழ் வாசகனுக்கு அது லாபம்தான். எரித்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அந்தக் கடிதங்கள் இருப்பதற்குக் காரணம் கமலா அம்மையார் அவற்றைக் காப்பாற்றியது. அவரும் கதை எழுதியவர். புத்தகத்தில் பேசுவது புதுமைப்பித்தன். காப்பாற்றியவரின் குரலைக் கடிதங்களுக்கு இடையில் நாமாகத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. விமர்சகர்கள் அந்தக் கடிதங்களில் புதுமைப்பித்தனைத் தேடினார்கள், நியாயம்தான். அவற்றை இத்தனை வருஷம் வைத்திருந்த பெண்ணை எத்தனை பேர் தேடினார்கள்?

என் கட்சி இவ்வளவுதான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது இரண்டாந்தரக் கேள்வி. அதை வைத்திருந்தது யார், திறக்க யாருக்கு உரிமை, திறந்தவன் அதற்குப் பிறகு எப்படித் தூங்குகிறான் என்பவைதான் முதல்தரக் கேள்விகள். நம் கதைகள் இரண்டாவதிலேயே திருப்தி அடைந்துவிட்டன.

பெட்டியின் காலம் மலையேறிவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். இன்று தலைமாட்டில் இருப்பது கைப்பேசி. போட்டோவும் கடிதமும் குரலும் அதற்குள்ளேயே கிடக்கின்றன. வெள்ளக்கடையின் ஒற்றை அறையிலும் ஒவ்வொருவர் தலையணைக்கு அடியிலும் பூட்டுப் போட்ட அறை ஒன்று வந்துவிட்டது. தாய் போன பிறகு அவளுடைய கைப்பேசியைத் திறந்து தரச் சொல்லி மகன் கடைக்கு எடுத்துப் போகிறான். கடைக்காரப் பையன் இரண்டு நிமிஷத்தில் திறந்துவிடுவான், அல்லது முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். கடை வாசலில் அந்த மகன் எதை விரும்பிக்கொண்டு நிற்கிறான் என்று எழுதுகிறவர் யாரோ, அவரிடம் பெட்டியைத் தைரியமாக ஒப்படைக்கலாம்.