கொடிவழியில் ஒரு சோழன்

கோலாலம்பூர் நகரின் நடுவே ஜாலான் ராஜா சூலான் என்றொரு பெருந்தெரு உண்டு. வெள்ளையர் ஆட்சியில் அதன் பெயர் வெல்டு தெரு. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் நகருக்குள் வரும் தமிழருள் சிலர் அப்பெயர்ப் பலகையைக் கண்டு, கடாரங் கொண்ட சோழனுக்கு மலாய் நாடு வைத்த நினைவுக்குறி இதுவெனக் கருதி மகிழ்வர். உண்மை அதுவன்று. தெருவின் பெயருக்கு உரியவர், பேராக் சுல்தான் அப்துல்லாவின் மகனாய்ப் பிறந்து 1933இல் மறைந்த ராஜா சர் சூலான் என்பார். ஆயினும் அம்மகிழ்ச்சியை முற்றும் வேரற்றது என்று தள்ளிவிடவும் இயலாது. ‘சூலான்’ என்னும் பெயர் பேராக் அரச குடும்பத்தில் முன்பும் வழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ‘மிசா மெலாயு’ என்னும் வரலாற்று நூலை இயற்றியவரும் ஒரு ராஜா சூலானே. இப்பெயரின் ஊற்றைத் தேடிச் செல்வோர் சென்று சேரும் இடம் ‘செஜாரா மெலாயு’ என்னும் பழைய நூலாகும்.

மலாய் உரைநடையின் முடிமணி என மதிக்கப்படும் இந்நூலை, ஜொகூர் அரசில் பெண்டஹாரா என்னும் முதலமைச்சர் பதவி வகித்த துன் ஸ்ரீ லானாங் 1612ஆம் ஆண்டளவில் தொகுத்தார் என்பது மரபு. ஜான் லெய்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1821இல் வெளிவந்தது. தமிழும் கற்றவரான மலாக்கா முன்ஷி அப்துல்லா இதனைச் சிங்கப்பூரில் அச்சேற்றினார். ‘ராஃபிள்ஸ் 18’ என வழங்கும் ஏட்டுப்படியை 1938இல் வின்ஸ்டெட் பதிப்பித்தார். 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இந்நூல் இடம்பெற்றது. இத்தகைய நூலின் தொடக்கத்திலேயே மலாய் அரசரின் கொடிவழியில் ஒரு சோழன் நிற்கிறான்.

நூல் கூறும் கதை இது: குர்ஆனில் பேசப்படும் இஸ்கந்தர் சுல்கர்னைன், கீழ்த்திசைப் புராணங்களில் மாவீரன் அலெக்சாந்தராகக் கொள்ளப்பட்டவன், இந்திய அரசன் ஒருவனை வென்று அவன் மகளை மணந்தான். அவ்வழியில் கெலிங் நாட்டில் பேரரசர் இருவர் தோன்றினர். சூரான், சூலான் என்னும் பெயர்கள் ஏட்டுக்கு ஏடு பாட்டனுக்கும் பேரனுக்குமாக மாறி வழங்கும். முன்னவன் கங்கா நகரத்தை வென்றான். கருங்கல் கோட்டையுடைய மற்றொரு நாட்டையும் அழித்தான். பின்னவன் சீனத்தை வெல்லப் புறப்பட்டுத் தெமாசிக் வரை வந்தான். அச்செய்தி அறிந்த சீனர், பல்லுதிர்ந்த கிழவரையும் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினர். “இளமையில் புறப்பட்டோம், இம்மரங்கள் அன்று விதைகள், இவ்வூசிகள் அன்று பருத்த இரும்புக் கோல்கள்” என்று அவர்கள் சொல்லக் கேட்ட அரசன், சீனம் அத்துணைத் தொலைவோ என மலைத்துத் திரும்பினான். பின் கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்து கடலடியில் இறங்கிக் கடல் மன்னன் மகளை மணந்தான். அவர்களுக்குப் பிறந்த மூன்று மைந்தர் பலெம்பாங்கில் புக்கிட் சிகுந்தாங் குன்றின்மேல் தோன்றினர். அன்றிரவு அக்குன்றில் விளைந்திருந்த நெல் பொன்னாயிற்று. மலாய் அரச குலம் அங்கே தொடங்குகிறது.

இதனைப் படிக்கும் தமிழ் வாசகர்க்கு முதலில் நினைவுக்கு வருவது இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் நிகழ்த்திய கடற்படையெடுப்பு. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என அவன் மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்ப்பெயர்கள் தமிழாசிரியர் பலர்க்கு மனப்பாடம். ‘சூலான்’ என்னும் பெயரில் ‘சோழன்’ ஒலிப்பதாக ஆய்வாளர் பலர் கருதுவதும் பொருத்தமே. ஆனால் இங்கிருந்து ஓரடி மேலே வைத்து, “எனவே மலாய் அரசர் சோழர் வழித்தோன்றல்கள்” என்று முடிவு கட்டுவோர் இரண்டு செய்திகளை மறந்துவிடுகின்றனர்.

ஒன்று, நூலின் சோழன் வரலாற்றுச் சோழனுக்கு நேர்மாறானவன். நூலின் அரசன் சீனத்துக்கு அஞ்சி வழியிலேயே திரும்பினான். வரலாற்றுச் சோழரோ 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனப் பேரரசுக்குத் தூதர்களை அனுப்பியவர்கள். சீன ஏடுகளே அதற்குச் சான்று. மற்றொன்று இன்னும் வியப்புக்குரியது. இராசேந்திரனின் படை தாக்கிய ஸ்ரீவிசயத்தின் தலைநகர் பலெம்பாங்கே. அந்நகரின் குன்றில்தான் சூலானின் மைந்தர் தோன்றியதாக நூல் கூறுகிறது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழிந்தபின், படையெடுத்து வந்தவனைப் பாட்டனாக ஏற்றுக்கொண்டது மலாய் அரசவை. இது குருதி உறவின் நினைவன்று, புகழின் நினைவு.

குலமுறை கூறுவது எப்போதும் ஒரு தேவையை முன்னிட்டே நிகழ்வது. கம்பன் காவியத்தில் குலமுறை கிளத்து படலம் எங்கே வருகிறது? சனகன் அவையில், மகட்கொடை முடிவாகும் வேளையில். விசுவாமித்திரர் அங்கே வரலாற்றுப் பாடம் நடத்தவில்லை. மணமகனின் தகுதியை நிலைநாட்டுகிறார். சோழரின் செப்பேடுகளும் அவ்வாறே. ஆனைமங்கலம் என்னும் ஊரை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு அளித்த செய்தியைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடு, கதிரவனில் தொடங்கி மனு, இட்சுவாகு, சிபி எனக் கடந்தே இராசராசனுக்கு வருகிறது. அவ்விகாரத்தைக் கட்டுவித்தவன் ஸ்ரீவிசய மன்னனான மாறவிசயோத்துங்கவர்மன். அவன் சைலேந்திர குலத்தவன் என்று அதே செப்பேடு பறைசாற்றுகிறது. ஊர்க்கொடையைப் பதிவு செய்யும் ஓர் ஆவணத்தில் இரண்டு அரச குலங்கள் தத்தம் கொடிவழியோடு எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. சிபிக்கும் இராசராசனுக்கும் குருதித் தொடர்பு உண்டா என்று எவரும் ஆராய்வதில்லை. அதே நிதானம் சூலானைப் பற்றிப் பேசும்போதும் வேண்டும்.

இது கீழ்த்திசைக்கே உரிய வழக்கம் என்றும் எண்ணலாகாது. ஐரோப்பாவின் தென்கிழக்கில் செர்பிய நாட்டை ஆண்ட நெமானிச் மரபினர், பதினான்காம் நூற்றாண்டில் கிராச்சனிட்சா, டெச்சானி ஆகிய கோயில்களின் சுவர்களில் தம் குலத்தைப் படர்ந்தேறும் கொடியாகவே தீட்டுவித்தனர். ஏசுநாதரின் முன்னோரை மரமாகக் காட்டும் திருவோவியமே அதற்கு முன்மாதிரி. 1371இல் நெமானிச் அரசர் வரிசை முடிவுற்றது. அதன்பின் மேலோங்கிய லாசர் அம்மரபினன் அல்லன். அவன் மனைவி மிலிட்சாவே அம்மரபின் ஒரு கிளையில் வந்தவள். அவர்கள் மகன் ஸ்டெபான் லாசரேவிச் 1427இல் இறந்தபின் அவன் வரலாற்றை எழுதிய புலவர், தாய் வழியாக நெமானிச் குலத்தைத் தொட்டு, அங்கிருந்து உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனின் தங்கை வரை ஏறினார். செர்பியர்க்குக் கான்ஸ்டன்டைன் எத்தகையவனோ, மலாய் அவைக்கு இஸ்கந்தரும் சூலானும் அத்தகையவர்கள். சமயத்தின் மேன்மையை இஸ்கந்தர் தந்தான். பழம்பேரரசின் பெருமையைச் சூலான் தந்தான். நிலத்தின் உரிமையைச் சிகுந்தாங் குன்று தந்தது. மூன்றையும் ஒரே கொடியில் பிணைத்ததே நூலாசிரியரின் திறம்.

அவ்வாறாயின் ‘செஜாரா மெலாயு’ கூறும் தென்னிந்திய உறவு முழுவதும் புனைவோ எனின், அன்று. உறவு உண்டு. ஆனால் அது இருப்பது வாசகர் தேடாத பக்கத்தில்.

மலாக்காவில் சுல்தான் முகம்மது ஷா ஆண்ட காலத்தில், கெலிங் நாட்டிலிருந்து மணி புரிந்தான் என்னும் முசுலிம் பெருமகன் வந்து சேர்ந்ததாக நூல் கூறுகிறது. அவனுக்கு மலாக்கா அமைச்சர் ஒருவர் தம் மகளை மணமுடித்துக் கொடுத்தார். அவர்களுக்குப் பிறந்தோர் துன் வதி என்னும் மகளும் துன் அலி என்னும் மகனும். துன் வதியைச் சுல்தான் மணந்தார். அவள் வயிற்றில் பிறந்தவன் ராஜா காசிம். சுல்தான் இறந்ததும் அரியணை ஏறியவன் காசிம் அல்லன். ரோக்கான் இளவரசிக்குப் பிறந்த இளைய மகனே ஏறினான். பின்னர், 1446ஆம் ஆண்டளவில், துன் அலி துணைநிற்க அந்த ஆட்சி கவிழ்க்கப்பட்டது. காசிம், சுல்தான் முசாஃபர் ஷா ஆனான். மருமகனுக்கு மாமன் அரசு வாங்கிக் கொடுத்த கதை இது. மலாக்காவின் பிற்காலச் சுல்தான்கள் அனைவரும் முசாஃபர் ஷாவின் வழியினரே.

கிள்ளான் இக்கதையில் நுழைவதும் இவ்விடத்தில்தான். தந்தையான பெண்டஹாரா இறந்தபின் பதவி ஏதும் பெறாத துன் பேராக், கிள்ளானுக்குச் சென்று குடியேறினான்; அவ்வூரார் அவனைத் தலைவனாக ஏற்றனர். சயாம் படை மலாக்காவைத் தாக்க வந்தபோது, அவன் கிள்ளான் மறவரைப் பெண்டு பிள்ளைகளோடு அழைத்துச் சென்றான். மனைவி மக்கள் அருகிருந்தால் வீரர் இருமடங்கு ஊன்றிப் போரிடுவர் என்பது அவன் கூறிய காரணம். அவ்வறிவைப் போற்றிய சுல்தான் அவனை மலாக்காவிலேயே இருத்திக்கொண்டான். அதன்பின் துன் அலியின் கட்சியும் துன் பேராக்கின் கட்சியும் மோதிக்கொண்டன. பூசலைத் தீர்க்க ஒரு மணவினை நிகழ்ந்தது. துன் பேராக்கின் தங்கையும் சுல்தானின் மனைவியுமான துன் கூடுவைச் சுல்தான் மணவிலக்குச் செய்து துன் அலிக்கு அளித்தான்; துன் அலி பெண்டஹாரா பதவியைத் துன் பேராக்குக்கு விட்டுக்கொடுத்தான். கெலிங் வழியினனுக்கும் கிள்ளான் தலைவனுக்கும் நடுவே பணயமாக வைக்கப்பட்ட அப்பெண்ணின் உள்ளம் யாதென நூல் கேட்கவில்லை. இன்றைய வாசகர் கேட்கலாம்.

இவ்வரலாற்றையும் அப்படியே நம்பிவிடலாமா? மணி புரிந்தானை அரசகுமாரன் என்று நூல் உயர்த்திப் பேசுகிறது. அவ்வாறு உயர்த்துவதற்கு ஆசிரியர்க்குக் காரணம் உண்டு. நூலின் முகவுரையில் துன் ஸ்ரீ லானாங் கூறும் அவருடைய சொந்தக் கொடிவழி, துன் அலியைக் கடந்து மணி புரிந்தானிடமே போய் முடிகிறது. ஆகவே அரசகுமாரன் என்னும் அடைமொழியைத் தள்ளிவிடுதல் தகும். கெலிங் என்பது தமிழகத்தை மட்டும் குறியாது அதனை அடுத்த கிழக்குக் கரையையும் தழுவும் சொல்லாதலால், அவனைத் தென்னிந்திய முசுலிம் என்று சொல்வதோடு அமைதலும் தகும்.

இவற்றைக் கழித்த பின்னும் எஞ்சுவது மிகுதி. யார் யாரை மணந்தார், யார் யாருக்குப் பிறந்தார் என்னும் செய்திகள் ஆசிரியருக்குச் சில தலைமுறைகளே முந்தியவை. அவற்றில் பறக்கும் குதிரையும் கண்ணாடிப் பேழையும் இல்லை. குடும்பத்துக்கு இழுக்கான செய்திகளையும் அவர் மறைக்கவில்லை. துன் அலியின் மகன் துன் முத்தாஹிர் பெண்டஹாராவாய் இருந்தபோது, ராஜா முதலியார், நயினா சூர தேவனா என்னும் இரு கெலிங் வணிகர் வழக்காடினர். பெண்டஹாரா கைப்பொருள் வாங்கினார். கோள்சொல் சுல்தானின் செவிக்கு எட்டியது. 1510இல் அவர் கொல்லப்பட்டார். தன் முன்னோன் கையூட்டு வாங்கியதை எழுதுபவன் புகழ்மாலை மட்டும் கட்டுபவன் அல்லன். குலமுறை நூல்களில் நம்பத்தக்க பகுதி எது என்பதற்கு இதுவே நல்ல உரைகல்: எது எழுதியவனின் பெருமைக்கு வேண்டாததோ, அது பெரும்பாலும் உண்மை.

இன்னொன்றும் கருதத்தக்கது. துன் முத்தாஹிரின் மகள் துன் பாத்திமாவைச் சுல்தான் மகமூது மணந்தான். அவள் மகனே ஜொகூரின் முதற் சுல்தானான அலாவுதீன். ஆக, மணி புரிந்தானின் குருதி மலாய் அரியணைக்கு இருமுறை வந்தது. இருமுறையும் தாய் வழியே வந்தது. தமிழர்க்கு இது புதிதன்று. முதற் குலோத்துங்கன் 1070இல் சோழ அரியணை ஏறியது இராசேந்திரன் மகள் அம்மங்கையின் மகன் என்னும் உரிமையால் அன்றோ?

கிள்ளானில் வாழும் தமிழர் சிலர், அந்நகரில் அரண்மனை கொண்ட சிலாங்கூர் அரச மரபையும் சோழர் வழி என்று சொல்லக் கேட்கலாம். அம்மரபு 1766இல் முடிசூடிய சுல்தான் சலேஹுதீன் வழியாகச் சுலாவெசித் தீவின் புகிஸ் குலத்திலிருந்து வருவது. மலாக்கா மரபினர் தாம் என்று சொல்லிக்கொள்வோர் பேராக் அரசரே. சூலான் என்னும் பெயர் அக்குடும்பத்தில் வழங்கியதன் பொருளும் அதுவே.

பள்ளியில் இந்நூலைப் பற்றிச் சொல்லும் ஆசிரியர் சூலானின் கதையை விட்டுவிட வேண்டியதில்லை; கதையென்றே சொல்லலாம். அதன் அருகில் துன் வதியின் பெயரையும் எழுதிவைத்தல் வேண்டும். சோழன் வந்தான், வென்றான், திரும்பினான். அவன் பெயர் மட்டும் தங்கிற்று. மணி புரிந்தானோ வந்தான், மணந்தான், இங்கேயே மண்ணானான். அவன் வழிவந்த ஆசிரியர் தம் கொடிவழியில் அவன் பெயரை மறைக்காமலே, தம் இனம் மலாய் இனம், புக்கிட் சிகுந்தாங் வழியது என்று அதே முகவுரையில் எழுதிவைத்தார். கடல் கடந்து வந்து இம்மண்ணில் வேரூன்றிய குடிகளுக்கு உறவுமுறை கூறத் தகுந்தவன், படையோடு வந்த பேரரசனைவிட இம்மனிதனே.