காரியாலயக் கணினியும் திறந்த மூல முறைமையும்

மூலநிரல் எவர்க்கும் திறந்துள்ள பணிசெயல் முறைமைகள் காரியாலய மேசைக் கணினிகளில் நிலைபெறுமா என வினவின், “விலையில்லாப் பொருளை வேண்டாமென்பார் யார்?” என்று விடையிறுத்து அமைவாருளர். அவ்விடை போதாது. நம் நாட்டில் விண்டோஸைப் பயன்படுத்துவோர் பலர் அதற்கு விலை கொடுத்தாரல்லர். உரிமமற்ற பிரதியே அவர்தம் கணினியிலுள்ளது. இரண்டும் இலவசமாய்க் கிடைக்குமிடத்து இலவசம் எவரையும் அசைக்காது.

லினக்ஸ் ஆற்றல் குறைந்ததென்பதும் பொருந்தாது. 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய அதன் உட்கருவே, இன்று அண்ட்ரோயிட் வடிவில், மலையிற் கொழுந்து பறிப்போரின் கைத்தொலைபேசியையும் இயக்குகின்றது.

மேசைக் கணினியிலோ நிலை வேறு. ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பத்தாண்டு உழைத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றிற்று. 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. பிரான்சின் ஜொந்தார்மெரி என்னுங் காவற்படையோ எடுத்த காரியத்தில் நிலைத்தது. அப்படையினர் 2005இல் ஓப்பின் ஒஃபீஸ் செயலியை விண்டோஸின் மீதே பழகினர். பின்னர் இணைய உலாவியை மாற்றினர். 2008இலேதான் பணிசெயல் முறைமையிற் கைவைத்தனர். மியூனிக்கின் பின்வாங்கலுக்கு அரசியலுங் காரணமென்பர், அதனை மறுக்கேன். ஆயினும் ஆவணத்தை முன்னும் முறைமையைப் பின்னும் மாற்றிய அவ்வரிசையே உயிர்நிலை என்பது என் துணிபு.

நம் பாடசாலைக் காரியாலயங்களை நோக்குக. வினாத்தாள், சுற்றறிக்கை, பெற்றாருக்கான கடிதம் யாவும் பல்லாண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. கணினியின் கணக்கில் அது தமிழன்று. சென்ற ஆண்டு பழைய கணினியொன்றில் உபுண்டுவை நிறுவி மூன்றாந் தவணை வினாத்தாளைத் திறந்தேன். பக்கம் முழுதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்! “சேர், எல்லாம் பழுதாப் போச்சே” என்றார் எழுதுவினைஞர். பாமினி இல்லாத விண்டோஸிலும் அதுவே நேரும். எழுத்துருவை நிறுவியதும் பக்கந் தெளிந்தது. அவர் மனந் தெளியவில்லை. மறுவாரமே பழைய முறைமை மீண்டது. அவரைக் குறைகூறேன், தவணைப் பரீட்சை நெருங்கிய வேளையில் நான் அதனைச் செய்திருத்தலாகாது.

தமிழ்நாட்டரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும் ‘பாஸ்’ லினக்ஸும் ஒருங்கே இருந்தன. இரண்டும் இருக்குமிடத்துக் கை பழகியதையே நாடும். கேரளத்தார் ஆசிரியரைப் பயிற்றிப் பாடநூலையும் கட்டற்ற மென்பொருளுக்கேற்ப எழுதினர். அங்கு அது வேரூன்றிற்று.

தோட்டக் காரியாலயத்துக்கு இவ்வளவு போதாது. செக்ரோலுக்கென எழுதிய செயலி விண்டோஸிலன்றி ஓடாதெனின், ஆங்கே லினக்ஸைப் புகுத்துவது சம்பள நாளைக் குழப்புவதாகவே முடியும்.

2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் பொது ஆதரவு முடிந்தது. நம் பாடசாலைகளிலுள்ள பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏலா, லினக்ஸை ஏற்கும். அதற்கு முன், பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றல் வேண்டும். ஆறாந்தர வினாத்தாள்களை மாற்றி முடித்தேன். ஏழாந்தரத்தைச் செய்யும்போது எழுதுவினைஞரே அருகிலமர்ந்து எழுத்துப்பிழை பார்க்கிறார்.